கடல் ரோந்து விமானிகளின் பதக்கங்கள்: சேகரிப்பு

இரண்டாம் உலகப் போரில் கடலுக்கு மேல் பறந்து நீர்மூழ்கிகளைத் தேடிய விமானிகளின் பதக்கங்களைச் சேர்ப்பது, பதக்கச் சேகரிப்பில் ஒரு தனிக் கிளை. பிரிட்டனில் இந்த வேலை விமானப்படையின் கோஸ்டல் கமாண்ட் பிரிவுக்கு உரியது. 1941 முதல் அது கடற்படைத் தலைமையின் செயற்கட்டுப்பாட்டில் இயங்கியது. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெறுங்கடலையே பார்த்துப் பறந்தும், போர் முடியும்வரை ஒரு நீர்மூழ்கியைக்கூடக் காணாதவர்கள் பலர். ஆகவே இந்தப் பதக்கங்களின் கதை பார்த்தவுடன் தெரியாது, தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

முதல் சிக்கல், பெயர். முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் பதக்கங்களில் விளிம்பிலோ பின்புறத்திலோ பெற்றவரின் பெயர் இருக்கும். இரண்டாம் போரின் நட்சத்திரப் பதக்கங்களைப் பிரிட்டன் தன் வீரர்களுக்குப் பெயரில்லாமலே கொடுத்தது; ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் பெயர் பொறித்தன. வீரச்செயலுக்கான பதக்கங்களிலும் ஒரு வேடிக்கை உண்டு. சார்ஜன்ட் விமானி பெற்ற டி.எஃப்.எம். (டிஸ்டிங்விஷ்ட் ஃபிளையிங் மெடல்) பதக்கத்தின் விளிம்பில் எண்ணும் பெயரும் இருக்கும். அதிகாரி பெற்ற டி.எஃப்.சி. (டிஸ்டிங்விஷ்ட் ஃபிளையிங் கிராஸ்) சிலுவையின் பின்புறத்தில் ஆண்டு மட்டுமே இருக்கும். இந்த விஷயத்தில் சேகரிப்பவருக்குச் சார்ஜன்ட்டே மேல்.

பெயரில்லாத இடத்தில் மோசடி எளிது. நட்சத்திரங்களில் அதிகம் போலியாக வருவது ஏர்குரூ யூரோப் ஸ்டார். விதி தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம். அட்லாண்டிக் ஸ்டார், ஏர்குரூ யூரோப் ஸ்டார், பிரான்ஸ்-ஜெர்மனி ஸ்டார் ஆகிய மூன்றில் ஒருவருக்கு ஒன்றே உண்டு. இன்னொன்றுக்கும் தகுதி இருந்தால் முதலாவதின் நாடாவில் ஓர் உலோகப் பட்டைதான் சேரும். ஒரே விமானியின் தொகுதியில் இவற்றில் இரண்டு நட்சத்திரங்கள் தொங்கினால், யாரோ பின்னால் சேர்த்திருக்கிறார்கள்.

அதனால் உலோகத்தைவிடக் காகிதத்துக்கே மதிப்பு. பதக்கங்கள் தபாலில் வந்த சிறு அட்டைப்பெட்டி, உள்ளிருந்த சீட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக விமானியின் பறப்புப் பதிவேடு. தேதி, விமான எண், உடன் பறந்தவர்கள், பறந்த நேரம் எல்லாம் அதில் இருக்கும். இரவுப் பறப்பைச் சிவப்பு மையில் எழுதுவது வழக்கம். அதைக் கியூவிலுள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில், ஏர் 27 வரிசையில் உள்ள படைப்பிரிவு நாட்குறிப்புகளோடு ஒப்பிடலாம். பதிவேட்டைத் தனியாகவும் பதக்கத்தைத் தனியாகவும் விற்பவர்கள் இரண்டையும் பாழாக்குகிறார்கள்.

அமெரிக்கக் கடற்படை ரோந்து விமானிகளுக்கு 1942 மே மாதம் தொடங்கப்பட்ட ஏர் மெடல் பரவலாகக் கிடைத்தது. மறுமுறை பெற்றதைக் கடற்படை நாடாவில் சிறு பொன் நட்சத்திரத்தாலும், தரைப்படை ஓக் இலைக்கொத்தாலும் குறித்தன. அங்கே உச்ச வீர விருதான மெடல் ஆஃப் ஆனரை விற்பது குற்றம். பிரிட்டனில் விக்டோரியா கிராஸைக்கூட விற்கலாம்.

அப்படி 1998-இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது நியூசிலாந்துக்காரர் லாயிட் டிரிக்கின் விக்டோரியா கிராஸ். 200-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த அவர், 1943 ஆகஸ்ட் 11 அன்று மேற்கு ஆப்பிரிக்கக் கடலில், சுடப்பட்டுத் தீப்பிடித்த லிபரேட்டர் விமானத்தைத் திருப்பாமல் தாழப் பறந்து ஜெர்மன் நீர்மூழ்கி யு-468 மீது குண்டுகளைப் போட்டார். விமானத்தில் இருந்த எண்மரும் மாண்டனர்; நீர்மூழ்கியும் மூழ்கியது. டிரிக்கின் தரப்பில் சாட்சி சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. நீர்மூழ்கியின் கேப்டன் கிளெமன்ஸ் ஷாமோங்கும் உயிர்தப்பிய அவரது ஆட்களும் சொன்னதை வைத்தே விருது வழங்கப்பட்டது. அந்தச் சிலுவை இப்போது பதக்கச் சேகரிப்பாளர் ஆஷ்கிராஃப்ட் பிரபுவின் தொகுப்பில் இருக்கிறது.

டிரிக்கின் படைப்பிரிவு 1944-இல் சென்னைப் பரங்கிமலைக்கு மாறி வங்கக் கடலில் ரோந்து பறந்தது. அந்த ஆண்டின் பதிவேடு ஒன்றில் செயின்ட் தாமஸ் மவுண்ட் என்ற பரங்கிமலையின் ஆங்கிலப் பெயரைக் கண்டால், முதலில் நினைக்க வேண்டியது இந்தப் படைப்பிரிவைத்தான்.