முதல் பருவம் எதைச் சொல்கிறது? கல்லூரியிலிருந்து என்.பி.ஏ.வுக்கு வரும் கூடைப்பந்து வீரர்களின் வளர்ச்சி பற்றி

ஆன்டனி பென்னட், பாஸ்கல் சியாகம் ஆகிய இருவரும் என்.பி.ஏ.வில் ஆடிய முதல் பருவத்தில் எடுத்த சராசரிப் புள்ளிகள் ஒன்றே: ஆட்டத்துக்கு 4.2. பென்னட் நெவாடா பல்கலைக்கழகத்தின் லாஸ் வேகாஸ் வளாகத்தில் ஓராண்டு ஆடிவிட்டு அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2013 டிராஃப்டில் முதலாவதாகத் தேர்வானவர். 2017 தொடக்கத்தில் என்.பி.ஏ.வில் அவருக்கு இடமில்லை. சியாகம் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து 2016இல் 27ஆம் இடத்தில் தேர்வானவர். 2019இல் டொராண்டோவுடன் கோப்பையை வென்றார். அந்தப் பருவத்தில் மிகுதியாக முன்னேறிய வீரருக்கான விருதும் அவருக்கே கிடைத்தது. இவர்களுக்கு முன் வந்த ஜிம்மி பட்லரின் முதல் பருவச் சராசரி இன்னும் கீழே, 2.6. நான்காம் பருவத்தில் அது 20 ஆயிற்று.

முதல் பருவத்து எண்களை மட்டும் பார்த்து இந்த மூவரையும் யாராலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் இத்தொழிலின் ஒப்பந்த விதிகள், முதல் பருவத்தை வைத்தே ஓர் இளைஞரை மதிப்பிட முடியும் என்ற நம்பிக்கையின்மேல் கட்டப்பட்டிருக்கின்றன. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு என்பதும், ஆட்டக்காரரின் வளர்ச்சியைத் தீர்மானிப்பதில் அவருடைய வயதையும் கல்லூரிச் சாதனையையும்விட அணியில் அவருக்கு முதலில் தரப்படும் வேலைக்குப் பங்கு அதிகம் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இதுகாறும் நடந்த விவாதம் பெரும்பாலும் வயதைச் சுற்றியே வந்திருக்கிறது. உயர்நிலைப் பள்ளி முடித்து நான்காண்டுகள் ஆகாதவர் என்.பி.ஏ.வில் ஆடக்கூடாது என்றிருந்த பழைய விதி, ஸ்பென்சர் ஹேவுட் தொடுத்த வழக்கில் 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த ஆணையால் ஆட்டம் கண்டது. 1995இல் கெவின் கார்னெட் பள்ளியிலிருந்து நேரே வந்தார். பத்தாண்டுகளுக்கு அந்த வழி திறந்திருந்தது. 2005இல் அணி உரிமையாளர்களும் வீரர் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தம், டிராஃப்டுக்கு வருபவருக்கு 19 வயதாகியிருக்க வேண்டும், அமெரிக்கப் பள்ளியில் படித்தவரானால் பள்ளி முடித்து ஓராண்டு கழிந்திருக்க வேண்டும் என்றது. பதினெட்டு வயதுப் பையன்கள் பக்குவப்படாதவர்கள், கல்லூரி அவர்களைப் பக்குவப்படுத்தும் என்பதே சொல்லப்பட்ட நியாயம். அப்படியென்றால் ஓராண்டு போதுமா, நான்காண்டு வேண்டுமா? ஓராண்டில் வந்த டெவின் புக்கரும் ஷே கில்ஜஸ் அலெக்ஸாண்டரும் உச்சிக்குப் போனார்கள். நான்காண்டு இருந்துவிட்டு இரண்டாம் சுற்றில் 35ஆம் இடத்தில் தேர்வான ட்ரேமண்ட் கிரீனும் 2017இல் சிறந்த தற்காப்பு வீரர் விருது பெற்றார். ஆண்டுக்கணக்கைக் கொண்டு இவர்களை ஒரு விதிக்குள் அடக்க முடியவில்லை.

கல்லூரி ஆட்டத்துக்கும் தொழில்முறை ஆட்டத்துக்கும் உள்ள வெளிப்படை வேறுபாடுகள் பலரும் அறிந்தவை. அங்கே 40 நிமிடம், இங்கே 48. அங்கே பருவத்துக்கு முப்பது சொச்சம் ஆட்டங்கள், இங்கே 82. எறிவதற்கான கெடு அங்கே 30 விநாடி, இங்கே 24. தற்காப்பவர் யாரையும் காக்காமல் வளையத்தடியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்க இங்கே அனுமதியில்லை, கல்லூரியில் நிற்கலாம். இவையெல்லாம் உடலுக்கும் கண்ணுக்கும் பழகவேண்டிய மாற்றங்கள். ஓரிரு பருவங்களில் பெரும்பாலோருக்குப் பழகியும் விடுகின்றன. இவற்றைக் காட்டிலும் ஆழமான மாற்றம் ஒன்றுண்டு. கல்லூரியில் பந்து நட்சத்திர வீரர் கையில்தான் இருக்கும். அணியின் ஆட்டமே அவரைச் சுற்றி அமையும். என்.பி.ஏ.வில் அவர் ஐந்தாவது ஆள், அல்லது ஒன்பதாவது ஆள். இருபது புள்ளி எடுத்துப் பழகியவரிடம் மூலையில் நில், பந்து வந்தால் எறி, வராவிட்டால் ஓடிப்போய் எதிரணியின் தேர்ந்த ஆட்டக்காரனைத் தடு என்கிறார்கள். அந்தச் சிறு வேலையை அவர் கல்லூரியில் செய்ததே இல்லை. ஆகவே கல்லூரிப் புள்ளிவிவரம் அவர் அதை எப்படிச் செய்வார் என்று சொல்வதும் இல்லை.

கவாய் லெனார்டின் கதை இதற்குச் சரியான சான்று. சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டு பருவங்களில் அவர் எறிந்த மூன்று புள்ளிப் பந்துகளில் நான்கில் ஒன்றுதான் வளையத்துக்குள் விழுந்தது. 2011இல் 15ஆம் இடத்தில் அவரைத் தேர்ந்த இந்தியானா, ஜார்ஜ் ஹில்லுக்கு ஈடாக அன்றே அவரைச் சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்குக் கொடுத்தது. டிராஃப்ட் முடிந்து ஒரு வாரத்தில் உரிமையாளர்கள் கதவடைப்பு அறிவித்துவிட்டதால், எறிதல் பயிற்சியாளர் சிப் எங்கெலண்டுக்கு அவருடன் கிடைத்தது சில நாள்களே. அதற்குள் பந்தைக் கைவிடும் இடத்தை மாற்றச் சொல்லிக்கொடுத்தார். எஞ்சிய மாதங்கள் லெனார்ட் தனியே எறிந்து பழகினார். முதல் பருவத்தில் அவருடைய மூன்று புள்ளி விகிதம் நூற்றுக்கு 37.6. மூன்றாம் பருவ முடிவில், 22 வயதில், இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எங்கெலண்டின் கைவண்ணத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அது பாதிக் கதை. ஸ்பர்ஸ் அணியில் அப்போது டங்கன், பார்க்கர், ஜினோபிலி என்ற மூத்த நட்சத்திரங்கள் மூவரும் இருந்தனர். லெனார்டிடம் யாரும் ஆட்டத்தை நடத்தச் சொல்லவில்லை. ஆட்டத்துக்கு 24 நிமிடம், 7.9 புள்ளி, எதிரணியின் முன்னணி வீரரைத் தடுப்பதும் கிடைத்த பந்தை எறிவதும்தான் வேலை. முதல் வேலையில் அவர் ஏற்கெனவே தேர்ந்தவர். ஆகவே இரண்டாம் வேலையில் அவர் தவறவிட்ட பந்துகளை அணி பொறுத்துக்கொண்டது. களத்தில் நிற்கும் உரிமையைத் தற்காப்பு சம்பாதித்துக் கொடுக்க, அந்த நிமிடங்களில் அவர் எறியக் கற்றுக்கொண்டார். பந்தைத் தானே கொண்டுபோய்த் தாக்கும் பொறுப்பு ஆண்டுக்கு ஆண்டு கூடியது. ஆறாம் பருவத்தில் சராசரி 25.5.

பட்லரின் பாதையும் ஏறக்குறைய இதுவே. சிகாகோவில் டாம் திபடோவின் கீழ் முதல் பருவத்தில் ஆட்டத்துக்கு எட்டரை நிமிடமே கிடைத்தது. தடுப்பாட்டத்தால் இடம் பிடித்தார். பிறகுதான் பந்து கைக்கு வந்தது. சியாகமுக்கு வேறொரு வசதி அமைந்தது. 2001இல் எட்டு அணிகளுடன் தொடங்கி இன்று ஜி லீக் எனப்படும் இளையோர் களத்தில், டொராண்டோவின் துணை அணியான ராப்டர்ஸ் 905 இருந்தது. முதல் பருவத்தின் பிற்பகுதியில் அங்கே அனுப்பப்பட்டவர், அந்தக் களத்தின் 2017 இறுதித் தொடரின் சிறந்த வீரராகத் திரும்பினார். அதே அணியில் அவரோடு ஆடிய ஃப்ரெட் வான்வ்லீட் நான்காண்டு விச்சிட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, டிராஃப்டில் யாராலும் தேர்ந்தெடுக்கப்படாதவர். மேலணியில் சிறு வேலை, கீழணியில் பெரிய வேலை என்று இரண்டையும் ஒரே ஆண்டில் பழகக் கிடைத்தது அவர்களுக்கு.

ஃபிலடெல்ஃபியாவின் டைரீஸ் மேக்ஸி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கென்டக்கியில் ஓராண்டில் அவருடைய மூன்று புள்ளி விகிதம் 29.2. டிராஃப்டில் 21ஆம் இடத்துக்கு இறங்க அதுவும் ஒரு காரணம். ஆனால் ஃப்ரீ த்ரோவில் நூற்றுக்கு 83க்கு மேல் போட்டவர் அவர். தடுப்பவர் எவருமின்றி, ஒரே தூரத்திலிருந்து, ஒரே அசைவில் எறியும் ஃப்ரீ த்ரோதான் கையின் உண்மையான தரத்தைக் காட்டும் என்பது ஆய்வாளர் பலரும் ஏற்ற கருத்து. ஒரே பருவத்தின் நூறு சொச்சம் மூன்று புள்ளி எறிதல்களில் தற்செயலின் பங்கு பெரிது. இரண்டாம் பருவத்தில் மேக்ஸியின் மூன்று புள்ளி விகிதம் 42.7. இதற்கு நேர்மாறானவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்கெல் ஃபுல்ட்ஸ். ஆட்டத்துக்கு 23 புள்ளி, மூன்று புள்ளி விகிதம் 41. ஃப்ரீ த்ரோவோ 65ஐத் தொடவில்லை. 2017இல் அவரை முதல் இடத்தில் எடுப்பதற்காகவே பாஸ்டனுடன் இடம் மாற்றிக்கொண்டது ஃபிலடெல்ஃபியா. முதல் பருவத்தில் அவர் ஆடியது 14 ஆட்டங்கள். தோள் நரம்பு அழுத்த நோய் என்று 2018 டிசம்பரில்தான் கண்டறிந்தார்கள். நோயையும் எறிதல் குறையையும் பிரித்துப் பார்ப்பது கடினம். ஆகவே அவரைக் கொண்டு மட்டும் எதையும் நிறுவ நான் முனையவில்லை.

மேக்ஸிக்கு இடம் எப்படிக் கிடைத்தது என்பதுதான் இங்கே முக்கியம். 2021இல் ஃபிலடெல்ஃபியாவின் பென் சிம்மன்ஸ் ஆட மறுத்தார். முதல் பருவத்தில் 15 நிமிடம் ஆடிய மேக்ஸி 35 நிமிடம் ஆடினார். 2023இல் அதே அணியின் ஜேம்ஸ் ஹார்டன் வேறு அணிக்கு மாற்றப்பட்டார்; மேக்ஸி 25.9 புள்ளி எடுத்து முன்னேற்ற விருதைப் பெற்றார். அவர் உழைத்திருப்பார், ஐயமில்லை. ஆனால் உழைக்காதவர் யார்? ஒவ்வொரு செப்டம்பரிலும் யாரோ ஓர் இளைஞர் ஏழு கிலோ தசை கூட்டிக்கொண்டு வந்திருப்பதாகச் செய்தி வருகிறது; நவம்பரில் அவர் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார். மேக்ஸியின் வளர்ச்சியைப் படிப்படியாக்கியவை இரண்டு காலியிடங்கள். அவை இரண்டும் அவர் தயாரான பிறகே ஏற்பட்டன.

இந்த வாதத்துக்கு எதிராக டெவின் புக்கரைக் காட்டலாம். கென்டக்கியில் ஓர் ஆட்டத்திலும் தொடக்க ஐவரில் ஆடாத அவர், ஃபீனிக்ஸில் 20 வயதிலேயே பெரும் பொறுப்பைச் சுமந்தார். 2017 மார்ச்சில் பாஸ்டனுக்கு எதிராக 70 புள்ளி எடுத்தார். அந்த ஆட்டத்திலும் அணி தோற்றது. முதலிரு பருவங்களில் ஃபீனிக்ஸ் வென்றவை 23, 24 ஆட்டங்கள். தோற்கும் அணியில் தாராளமாக நிமிடங்களைக் கொடுத்தாலும் ஆள் வளர்வார் என்பதற்கு அவர் சான்றுதான். ஆனால் இரண்டைக் கவனிக்க வேண்டும். புக்கரிடம் களத்தில் நிற்க உரிமை தரும் கைத்தொழில் ஒன்று, எறிதல், முதல் நாளிலிருந்தே இருந்தது. மேலும், அவருடைய புள்ளிகள் வெற்றியாக மாறியது கிறிஸ் பால் 2020இல் வந்து ஆட்டத்தை நடத்தும் சுமையைப் பகிர்ந்துகொண்ட பிறகே. அதே வழியில் சென்று காணாமற்போனவர்களின் பெயர்கள் நமக்கு நினைவில்லை. தப்பியவர்களை வைத்தே நாம் பாடம் எழுதுகிறோம்.

அணிகள் ஏன் இப்படி இடமறிந்து வேலை கொடுப்பதில்லை? காசு ஒரு காரணம். பேரி ஸ்டாவும் ஹா ஹோங்கும் 1995இல் வெளியிட்ட ஆய்வு, ஆட்டத் திறனைக் கணக்கில் கொண்ட பிறகும், டிராஃப்டில் முன்னால் தேர்வானவர்களுக்கே கூடுதல் நிமிடங்கள் கிடைக்கின்றன, அவர்களையே அணிகள் அதிக காலம் வைத்துக்கொள்கின்றன என்று காட்டியது. காலின் கேமரரும் ராபர்ட்டோ வெபரும் 1999இல் மறுபடி அளந்து, விளைவு அவ்வளவு பெரிதல்ல, ஆனால் இருக்கிறது என்றனர். கொடுத்த விலைக்கேற்ப நிமிடங்கள் அளக்கப்படும்போது, முன்னால் வந்தவருக்குத் தாங்காத சுமையும் பின்னால் வந்தவருக்குக் காத்திருப்பும் வாய்க்கின்றன.

பொருளியலார் கேரி பெக்கர் 1964இல் சொன்னதும் இங்கே பொருந்தும்: எந்த நிறுவனத்திலும் பயன்படக்கூடிய பொதுத்திறனைக் கற்பிக்கும் செலவை நிறுவனம் ஏற்காது, கற்பவர்தான் குறைந்த கூலியாக அதைச் செலுத்துவார். முதல் சுற்று வீரர்களுக்கு நான்காண்டு வரை நிர்ணயிக்கப்பட்ட ஊதிய அளவு அத்தகைய கூலிதான். கூலியைக் குறைத்துக்கொண்ட அணி, பதிலுக்குக் கற்றுக்கொள்ளக் காலம் தரவேண்டும். விதியோ எதிர்த்திசையில் போயிருக்கிறது. 2005க்கு முன் முதல் சுற்று ஒப்பந்தத்தில் மூன்றாண்டுகள் உறுதி. நான்காவது மட்டுமே அணியின் விருப்பம். வயது வரம்பைக் கொண்டுவந்த அதே 2005 ஒப்பந்தம் உறுதியை இரண்டாண்டாகக் குறைத்தது. மூன்றாம் ஆண்டு வேண்டுமா வேண்டாமா என்பதை அணி, முதல் பருவம் முடிந்து வரும் அக்டோபர் 31க்குள் சொல்லியாக வேண்டும். பையன்கள் பக்குவப்படாதவர்கள் என்று வாசலில் நிறுத்தியவர்களே, உள்ளே வந்தவனிடம் ஓராண்டில் பக்குவத்தைக் காட்டு என்றார்கள்.

பெரும்பாலான அணிகள் மூன்றாம் ஆண்டை ஏற்கவே செய்கின்றன என்பது உண்மை. ஆனால் அந்தக் கெடுவின் நிழல் பயிற்சியாளரின் பொறுமைமேல் விழுகிறது. பென்னட் தோள் அறுவைச் சிகிச்சையால் கோடைப் பயிற்சியே இல்லாமல் முதல் பருவத்தைத் தொடங்கினார். அது முடிந்த ஆகஸ்டிலேயே கிளீவ்லண்ட் அவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டது. அவசரத்துக்குப் பழைய உதாரணமும் உண்டு: 1997இல் மூன்றாமவராகத் தேர்வான சான்சி பில்லப்ஸை 51 ஆட்டங்களுக்குப் பின் பாஸ்டன் கைவிட்டது; பல அணிகள் மாறி டெட்ராய்ட் சேர்ந்த அவர், 2004 இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார்.

2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 முதல் பல்கலைக்கழகங்களே அவர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். விளைவு உடனே தெரிந்தது. முன்கூட்டியே டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 2021இல் 350க்கு மேல், 2025இல் 106. பள்ளி முடித்தவர்களைச் சம்பளத்துக்கு எடுத்துப் பயிற்றுவிக்க 2020இல் தொடங்கிய ஜி லீக் இக்னைட் அணி 2024இல் மூடப்பட்டது. இனி வருபவர்கள் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதினராக இருப்பார்கள். அவர்கள் உடலளவில் தேறியவர்கள் என்பதால் அணிகளின் பொறுமை மேலும் குறையும் என்றே எதிர்பார்க்கிறேன். ஆனால் கல்லூரியில் நான்காண்டு நாயகனாக இருந்தவருக்கும் மூலையில் நிற்கும் வேலை புதிதுதான்.

நடப்பு ஒப்பந்தம் 2029-30 பருவம் வரை நீளும். அடுத்த பேச்சு மேசையில் இன்னும் டிராஃப்ட் ஆகாத இளைஞர்கள் உட்காரப்போவதில்லை. அவர்களுடைய விதியை மூத்தவர்களின் சங்கமே பேசி முடிக்கும். தம்முடைய இரண்டாம், மூன்றாம் பருவங்களில்தான் தாமே ஆட்டக்காரர்களானோம் என்பதை அந்த மூத்தவர்களில் பலர் அறிவர். முதல் சுற்று வீரர்களுக்கு மூன்றாம் ஆண்டு ஊதியத்தை மீண்டும் உறுதியாக்கும்படி அவர்கள் கேட்க வேண்டும்.