மோட்டார் காரின் மேற்பூச்சு: விலைப்பட்டியலில் இடம்பெறாத செலவு

பழைய மோட்டார் கார் ஒன்றைப் புதுப்பிக்க முனைபவர்கள் விரைவிலேயே ஒரு கேள்வியை எதிர்கொள்கிறார்கள். சக்கரங்களுக்கும் அடிச்சட்டத்துக்கும் பம்பருக்கும் எந்தப் பூச்சைப் பூசுவது? 'பவுடர் கோட்டிங்' எனப்படும் தூள்பூச்சா, வழக்கமான திரவ வண்ணமா, குரோமிய முலாமா, நாக முலாமா? அடுத்த கேள்வி விலை பற்றியது. ஒரே சக்கரத்துக்கு இரண்டு பட்டறைகள் கூறும் தொகைகள் பெரிதும் வேறுபடுவதைக் கண்டு பலர் திகைத்துப் போகின்றனர்.

இந்த வேறுபாட்டின் காரணத்தை அறிய வேண்டுமானால், கடந்த நூற்றாண்டில் உலோகத்தின் மேற்பூச்சு கடந்து வந்த பாதையைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். வண்ணத்தின் விலை அந்தப் பாதையில் ஒரு சிறு கூறு மாத்திரமே. உண்மையான செலவு காலத்திலும் உழைப்பிலும் அடங்கியிருந்தது. அச்செலவைக் குறைத்த ஒவ்வொரு கண்டுபிடிப்பும் அதில் ஒரு பகுதியை, விலைப்பட்டியலில் பெயர் இல்லாத எவரோ ஒருவரின் தலையில் இறக்கி வைத்தது என்பதே வரலாறு கூறும் செய்தியாகும்.

உலரக் காத்திருந்த காலம்

தொடக்ககால மோட்டார் கார்கள் குதிரை வண்டிகளைப் போன்றே வண்ணம் பூசப்பட்டன. எண்ணெயும் வார்னிசும் கலந்த பூச்சு தூரிகையால் பல அடுக்குகளாகப் பூசப்படும். ஒவ்வோர் அடுக்கும் உலர்ந்த பின்னர் தேய்த்து மெருகிட்டு, அதன்மேல் அடுத்த அடுக்கைப் பூச வேண்டும். ஓர் உடற்பாகம் முழுமை பெற இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை ஆயின. அதுவரை உலர்ந்துகொண்டிருந்த பாகங்களை அடுக்கி வைக்கப் பெரும் கட்டடங்கள் தேவைப்பட்டன. மூலதனமும் அங்கேயே முடங்கிக் கிடந்தது.

ஹென்றி ஃபோர்ட் 1908ஆம் ஆண்டில் மொடல் ரி காரை அறிமுகம் செய்தபோது அதன் விலை ஏறத்தாழ 850 டொலர்கள். 1920களின் நடுப்பகுதியில் அதன் மிக மலிவான வகை 300 டொலர்களுக்கும் குறைவாகவே விற்கப்பட்டது. இந்த விலைவீழ்ச்சிக்குத் தொடர் உற்பத்தி முறையே முதற்காரணம். ஆயினும் பூச்சுக்கும் அதில் பங்கு இருந்தது. 1914 முதல் 1925 வரை மொடல் ரி கறுப்பு நிறத்தில் மட்டுமே கிடைத்தது. நிலக்கீல் கலந்த கறுப்புப் பூச்சைச் சிறு பாகங்களுக்கு இட்டுச் சூளையில் சுட்டால், அது மலிவாகவும் உறுதியாகவும் அமைந்தது. வண்ணங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும் செலவைக் குறைப்பதே. தூள்பூச்சுப் பட்டறைகள் இன்றும் கறுப்பு நிறத்துக்குக் குறைந்த விலையும், அரிதாகக் கேட்கப்படும் நிறத்துக்குக் கூடிய விலையும் கூறுவது இதே கணக்கின் அடிப்படையிலாகும். நிறத்தை மாற்றுவதென்றால் கூடத்தையும் கருவியையும் முற்றாகத் துடைத்துத் துப்புரவு செய்ய வேண்டும் அல்லவா?

வெடிமருந்திலிருந்து வண்ணம்

ஃபோர்டின் கறுப்பு ஆதிக்கத்தை உடைத்தது ஒரு போரின் எச்சம். முதலாம் உலகப் போரில் புகையற்ற வெடிமருந்தைப் பெருமளவில் தயாரித்த அமெரிக்காவின் டுபொன்ட் கம்பனியிடம், போர் முடிந்ததும் நைட்ரோசெலுலோஸ் உற்பத்தி வசதி தேவைக்கு மிஞ்சி இருந்தது. அதே மூலப்பொருளிலிருந்து உருவான விரைவாய் உலரும் பூச்சே 'டூக்கோ'. ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியின் ஆய்வுப்பிரிவுத் தலைவர் சார்ள்ஸ் கெற்றரிங், இதனைக் கார்களுக்குப் பொருத்தமாக்க முன்னின்று உழைத்தார். 1923ஆம் ஆண்டில், அடுத்த ஆண்டுக்கான ஓக்லண்ட் கார்கள் நீல நிற டூக்கோ பூச்சுடன் வெளிவந்தன. வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாட்களுக்குள் சுருங்கியது. காத்திருப்புக் கட்டடங்கள் தேவையற்றுப் போயின.

இதற்கு ஓர் அரசியல் பின்னணியும் உண்டு. டுபொன்ட் கம்பனி 1917 முதல் 1919 வரையிலான காலத்தில் ஜெனரல் மோட்டோர்ஸின் பங்குகளில் ஏறத்தாழ 23 சதவீதத்தை வாங்கியிருந்தது. உலகின் மிகப்பெரிய கார் உற்பத்தியாளருக்கான வண்ணச் சந்தையும் துணிச் சந்தையும் இந்தப் பங்குரிமையால் போட்டியாளர்களுக்கு அடைபட்டுப் போயின என்று அமெரிக்க அரசாங்கம் வழக்குத் தொடர்ந்தது. 1957இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அரசாங்கத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. பின்னர் டுபொன்ட் அப்பங்குகளைக் கைவிட நேர்ந்தது. காரின் மேற்பூச்சு எத்துணை பெரிய வணிகம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

விரைவாய் உலரும் பூச்சில் ஓர் இரகசியம் உண்டு. உலர்வது என்றால் அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிக் காற்றில் கலப்பது என்று பொருள். வாடிக்கையாளர் பணம் கொடுத்து வாங்கிய திரவத்தின் பெரும்பகுதி காரில் தங்குவதில்லை. வண்ணம் தெளிப்பவரின் நுரையீரலுக்கும் நகரத்தின் வானத்துக்கும் அது போய்ச் சேர்ந்தது. அதற்கு எவரும் விலைப்பட்டியல் எழுதவில்லை.

பளபளப்பின் விலை

1920களின் பிற்பகுதியில் நிக்கல் முலாமின் இடத்தைக் குரோமிய முலாம் பிடித்தது. நிக்கல் மங்கும், அடிக்கடி துடைக்க வேண்டும், குரோமியம் மங்காது. ஆனால் பம்பரில் பளபளப்பது தனிக் குரோமியம் அன்று. அந்தப் படலம் ஒரு மைக்ரோனுக்கும் குறைவான தடிப்புடையது. துருவைத் தடுப்பது அதன் அடியில் பல மடங்கு தடிப்பாக இடப்படும் நிக்கலே. கொரிய யுத்தக் காலத்தில் அமெரிக்க அரசாங்கம் நிக்கல் பாவனையைக் கட்டுப்படுத்தியபோது, அக்காலக் கார்களின் முலாம் விரைவில் துருவேறியமைக்கு இதுவே காரணம். குறைந்த விலைக்கு முலாம் பூசித் தருவதாகக் கூறும் பட்டறை, எந்த அடுக்கைக் குறைக்கிறது என்று கேட்பது இன்றும் நல்லது.

முலாம் தொட்டியில் இருந்தது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். அத்தொட்டியிலிருந்து எழும் நுண்துளிகள் தொழிலாளரின் கைகளில் ஆறாத புண்களை உண்டாக்கின; மூக்கின் நடுச்சுவரையே துளைத்தன. இத்தொழில் பரவத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, 1931இல், பிரித்தானியா குரோமிய முலாம் தொழிலுக்கெனத் தனி ஒழுங்குவிதிகளை வகுத்தமை குறிப்பிடத்தக்கது. 1990இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இச்சேர்மங்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என வகைப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டெம்பரின் பின்னர் குரோமியம் மூவொட்சைட்டை விசேட அனுமதியின்றிப் பயன்படுத்த முடியாது. கலிபோர்னியாவின் வளிவளச் சபை 2023 மே மாதத்தில் மேற்கொண்ட தீர்மானத்தின்படி, அலங்கார முலாமுக்கு இதனைப் பயன்படுத்துவது 2027 முதல் தடைசெய்யப்படுகிறது. மேலதிகப் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யும் நிறுவனங்களுக்கு மட்டும் 2030 வரை அவகாசம் உண்டு. பழைய பம்பருக்கு மீண்டும் முலாம் பூசும் செலவு ஏறியதற்கு உலோக விலை மட்டும் காரணமன்று. தொழிலாளியின் உடல் நெடுங்காலம் தாங்கிய செலவு, சட்டத்தின் வழியாக வாடிக்கையாளரின் பட்டியலுக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது.

தூளின் வருகை

ஜேர்மனியின் க்னப்சாக்-கிறீஷைம் கம்பனியில் பணியாற்றிய அறிவியலாளர் ஏர்வின் கெம்மர், காற்றால் மிதக்கவிடப்பட்ட பிளாஸ்ரிக் தூளுக்குள் சூடாக்கிய உலோகத்தை அமிழ்த்தும் முறையை உருவாக்கி 1953இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். சூட்டில் தூள் உருகி உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். 1960களில் மின்னேற்றம் பெற்ற தூளைத் துப்பாக்கியால் தெளிக்கும் முறை வந்தது. புவியிணைப்புச் செய்யப்பட்ட பாகத்தில் தூள் மின்கவர்ச்சியால் படிய, 180 முதல் 200 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள சூளையில் பத்து முதல் இருபது நிமிடங்கள் வைத்தால், அது உருகி இறுகிக் கடினமான படலமாகிறது.

இம்முறைக்கு வாழ்வளித்தது சுற்றாடல் சட்டமாகும். புகைமூட்டத்தால் தவித்த லொஸ் ஏஞ்சலஸ் 1966இல் கரைப்பான்களைக் கட்டுப்படுத்தும் விதியைக் கொண்டுவந்தது. 1970இல் அமெரிக்காவின் தூய வளிச் சட்டம் விரிவாக்கப்பட்டது. 1973இன் எண்ணெய் நெருக்கடி கரைப்பானின் விலையையும் உயர்த்தியது. கரைப்பானே இல்லாத தூளுக்குக் கதவு திறந்தது. பாகத்தில் படியாமல் விழும் தூளை அள்ளி மீண்டும் பயன்படுத்தலாம் என்பது மேலுமோர் அனுகூலம்.

அப்படியானால் தூள்பூச்சு ஏன் மலிவாக இல்லை? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். படலத்தின் தடிப்பு 75 மைக்ரோன், தூளின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு ஒன்றரைக் கிராம் எனக் கொண்டால், ஒரு சதுர மீற்றருக்குத் தேவையான தூள் ஏறத்தாழ 112 கிராம். ஒரு கிலோ தூள், வீண்போகாதவிடத்து, ஒன்பது சதுர மீற்றர் வரை மூடும். ஒரு சக்கரத்துக்கு வேண்டிய தூளின் விலை மொத்தத் தொகையில் அற்பமே. ரயரைக் கழற்றல், பழைய பூச்சை நீக்கல், மணல் வீச்சால் உலோகத்தை வெறுமையாக்கல், எண்ணெய்ப்பசை போக்கல், பொஸ்பேற்றுப் படிவு ஏற்றல், திருகுத் துளைகளையும் தாங்கி அமரும் இடங்களையும் மறைத்தல், சூளையைச் சூடாக்கல் என்பவற்றுக்கே பணம் செல்கிறது. நூறு பாகங்களுக்குச் சூடாகும் சூளை ஒன்றுக்கும் அதே அளவு சூடாக வேண்டும். ஆதலால் தனிப் பாகத்துக்கு விலை அதிகம். தொகையாகக் கொடுத்தால் குறைவு. இரண்டு பட்டறைகளின் விலை வேறுபடுகிறது என்றால், பெரும்பாலும் வேறுபடுவது கண்ணுக்குத் தெரியாத இந்த முன்வேலையே. துருவின் மேல் பூசிய தூள் முதல் நாளில் அழகாகத்தான் இருக்கும். சில பருவங்களின் பின்னர் அடியில் ஈரம் புகுந்து தோல் உரிவதுபோல் உரியும்.

மாற்று வழிகள்

எல்லாப் பாகத்துக்கும் ஒரே பூச்சு பொருந்தாது. றப்பர், பிளாஸ்ரிக், எண்ணெய்த் தடுப்பான் ஆகியவை உள்ள பாகத்தைச் சூளையில் இட முடியாது. வெப்பப் பதனிட்ட அலுமினியச் சக்கரங்கள் வரம்பு மீறிய சூட்டில் உறுதி குன்றும். குழிவான மூலைகளுக்குள் மின்னேற்றத் தூள் எளிதில் நுழையாது. அடிபட்டால் தூள்பூச்சைச் சிறு திருத்தத்தால் மறைப்பதும் கடினம்.

ஃபோர்ட் கம்பனியில் ஜோர்ஜ் புரூவர் குழுவினர் உருவாக்கி, 1960களின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த மின்படிவுப் பூச்சு, காரின் உட்குழிவுகளுக்குள்ளும் புகுந்து துருவைத் தடுத்தது. இன்றைய கார் தொழிற்சாலைகளில் முதற்பூச்சு பெரும்பாலும் இதுவே. ஆனால் உடற்பாகம் முழுவதையும் அமிழ்த்தும் தொட்டி சிறு பட்டறைக்குக் கட்டுப்படியாகாது.

திருகாணிகளுக்கு நாக முலாம் மலிவானது. எனினும் மிக உறுதியான உருக்கினால் ஆன சுருள்வில்களையும் ஆணிகளையும் மின்முலாம் பூசினால், ஐதரசன் உட்புகுந்து அவை எதிர்பாராத வேளையில் முறியும் அபாயம் உண்டு. உருகிய நாகத்தில் தோய்ப்பது அடிச்சட்டத்துக்கு நீடித்த காப்பு. மெல்லிய தகடு அவ்வெப்பத்தில் நெளியும். இரு கூறுகள் கொண்ட பொலியூரேத்தேன் வண்ணம் தனிப் பாகத்துக்கு மலிவு, திருத்துவதும் எளிது. ஆனால் அதன் இறுக்கியிலுள்ள ஐசோசயனேற்று, உரிய சுவாசக் கவசமின்றித் தெளிப்பவருக்கு வாழ்நாள் ஆஸ்துமாவைத் தரவல்லது. தூளும் முற்றிலும் குற்றமற்றதன்று. வெளிப்புறப் பாவனைக்கான தூளில் நெடுங்காலம் சேர்க்கப்பட்ட ரிஜிஐசி எனும் இறுக்கி மரபணுவுக்குத் தீங்கானது என ஐரோப்பாவில் வகைப்படுத்தப்பட்ட பின்னரே, அங்குள்ள உற்பத்தியாளர் மாற்றைத் தேடினர். காற்றில் அடர்ந்து மிதக்கும் தூள் தீப்பொறி பட்டால் வெடிக்கவும் கூடும்.

நமது நிலை

இலங்கையருக்கு இது செல்வந்தரின் பொழுதுபோக்கு மட்டுமன்று. பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடி மக்களைச் சுமந்தன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுகளில், கையிலிருந்த வாகனத்தைக் காப்பாற்றுவதைத் தவிர பலருக்கு வேறு வழி இருக்கவில்லை. உப்புக்காற்று வீசும் கரையோரத்தில் மேற்பூச்சு என்பது அழகல்ல, ஆயுள்.

ஆகவே வாசகர்கள் பட்டறையில் விலையை மட்டும் கேட்டு நிற்க வேண்டியதில்லை. பழைய பூச்சை எவ்வாறு நீக்குகிறீர்கள், உலோகத்தை எவ்வாறு தயார்செய்கிறீர்கள், அடியில் எதைப் பூசுகிறீர்கள் என்றும் கேட்க வேண்டும். அத்துடன் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வண்ணம் தெளிக்கும் இளைஞனின் முகத்தில் இருப்பது முறையான சுவாசக் கவசமா, அல்லது மடித்துக் கட்டிய ஒரு கைக்குட்டையா? முலாம் தொட்டியின் கழிவுநீர் எங்கே செல்கிறது? மிகக் குறைந்த விலையைக் கூறுபவர் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றிலேயே மிச்சம் பிடித்திருப்பார். அந்த மிச்சத்தை யாரோ ஒருவர் எங்கோ செலுத்திக்கொண்டிருக்கிறார்.