கண்டிப் பிரதேசத்தில் அங்கவீனரின் குடியிருப்புரிமை: ஒரு வரலாற்று நோக்கு

1815ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் நாள் கண்டி மகுல் மடுவத்தில் வாசிக்கப்பட்ட உடன்படிக்கையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் 5ஆம் பிரிவிலேயே தங்கிவிடுவர். பௌத்த சமயத்திற்கு அப்பிரிவு வழங்கிய உறுதிமொழி பிற்கால அரசியலிற் பெற்ற இடம் அத்தகையது. அதனை அடுத்து வரும் 6ஆம் பிரிவு அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. உடலை வதைக்கும் தண்டனைகளும் அங்கங்களைச் சிதைக்கும் தண்டனைகளும் இனித் தடுக்கப்பட்டு ஒழிக்கப்படும் என்பதே அதன் சாரம். கண்டியின் சட்ட வரலாற்றை அங்கவீனரின் பக்கம் நின்று நோக்குபவர் தொடங்கவேண்டிய இடம் இப்பிரிவேயாகும்.

இப்பிரிவு வெறும் மனிதாபிமானத்தால் எழுந்ததன்று. 1814ஆம் ஆண்டின் இறுதியில் கரையோரப் பகுதியிலிருந்து கண்டி இராச்சியத்திற்குட் சென்ற வணிகர் பதின்மர் ஒற்றர் எனக் கருதப்பட்டு, மூக்கும் காதும் கையும் அறுக்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் மடிய, எஞ்சிய சிலர் அறுபட்ட கோலத்துடன் கொழும்பை அடைந்தனர். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன்மீது போர் தொடுப்பதற்குத் தருணம் பார்த்திருந்த தேசாதிபதி பிரவுண்றிக்குக்கு அக்காட்சி தக்கதொரு காரணமாயிற்று. அறுபட்ட அவ்வுடல்கள் போர்ப் பிரசாரத்திற்குப் பயன்பட்டன. ஆயின், கையிழந்து எஞ்சிய அம்மனிதர் எவ்வாறு வாழ்ந்தனர், எங்கே குடியிருந்தனர் என்பது பற்றி உடன்படிக்கையின் வாசகம் எதுவும் கூறவில்லை. உறுப்புச் சிதைவை ஒழித்த அதே ஆட்சி 1818இல் ஊவா, வெல்லசைப் பகுதிகளில் கிளர்ச்சியை அடக்குகையில் வீடுகளையும் பயிர்களையும் எரித்தமையும் இவ்விடத்து நினைக்கத்தக்கது.

உடலைப் பற்றிப் பேசிய சட்டம் வீட்டின் வாசலைப் பற்றியும் பேசுவதற்கு நெடுங்காலம் சென்றது. 1815இலிருந்து 2006 வரை 191 ஆண்டுகள். அவ்வாறு பேசியபோதும் அது பொதுக் கட்டடங்களின் வாசலோடு நின்றுகொண்டது. குடியிருக்கும் வீட்டின் வாசல் எஞ்சியது. இந்நீண்ட தாமதத்தின் காரணங்களைக் கண்டியின் வீட்டு வரலாற்றிலேயே காணலாம்.

கண்டி மன்னர் காலத்தில் வீடு அமைப்பதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், குடிமக்கள் மாடிவீடு கட்டலாகாது, ஓடு வேயலாகாது, சுவருக்குச் சுண்ணாம்பு தீட்டலாகாது என்றிருந்த தடைகளைக் குறிப்பிடுகின்றார். வீடு என்பது அந்தஸ்தின் அடையாளமாகக் கருதப்பட்டமையால், சட்டம் அதன் உயரத்தையும் நிறத்தையும் கவனித்தது. உள்ளே வாழ்பவரின் வசதியைக் கவனிக்கவில்லை. ஆயினும், தளர்ந்தோரின் இருப்பிடத்தைக் காக்கும் வழியொன்று கண்டி வழக்காற்றுச் சட்டத்தில் வேறு வகையில் அமைந்திருந்தது. தம்மைப் பராமரிப்பார் என்ற நம்பிக்கையில் முதியவரோ நோயாளியோ தம் காணியை ஒருவருக்கு நன்கொடையாக வழங்கினால், அந்நன்கொடையைப் பொதுவாகத் திரும்பப் பெற்றுக்கொள்ள அவருக்கு உரிமை இருந்தது. இவ்வழக்காறு சில வரையறைகளுடன் 1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலும் இடம்பெற்றது. இவ்விதியைச் சொத்துச் சட்டத்தின் விசித்திரமாக மட்டும் காண்பது போதாது. கைகால் தளர்ந்த ஒருவர் தம் வீட்டிலிருந்து துரத்தப்படாமல் இருப்பதற்கு அதுவே அவர் கையிலிருந்த ஆயுதம் எனலாம். ஆனால் அது காணி உடையவர்க்கே பயன்பட்டது.

பிரித்தானியர் ஆட்சியில் அங்கவீனரைச் சட்டம் கண்டது பெரும்பாலும் தெருவிலேயே. 1824ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தைத் தழுவி எழுந்த 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், புண்ணையும் அங்கக் குறையையும் வெளிக்காட்டிப் பிச்சை பெற முயல்வதைத் தண்டனைக்குரியதாக்கியது. 1901இல் வந்த தொழுநோயாளர் கட்டளைச் சட்டம் ஒரு பிரிவினரை ஊரிலிருந்தே பிரித்துவைத்தது. குறையுள்ள உடல் கண்ணிற்படாதிருக்க வேண்டும் என்பதே இவ்விரண்டிற்கும் பொதுவான நோக்கு.

வீட்டைப் பற்றிய நவீன சட்டம் 1915இல் வந்தது. முந்திய ஆண்டு கொழும்பிற் கொள்ளைநோய் தோன்றியமை அச்சட்டத்தின் பின்னணியில் இருந்தது. வீடமைப்பு, நகர முன்னேற்றக் கட்டளைச் சட்டம் எனப்படும் அது, கண்டி போன்ற நகரங்களில் அனுமதியின்றிக் கட்டடம் எழுப்புவதைத் தடுத்தது. அறையின் உயரம், சன்னலின் பரப்பு முதலியவற்றை வரையறுத்தது. வீட்டினுள் வெளிச்சம் புகும் பொருட்டு முன்னும் பின்னும் விடவேண்டிய வெளியை 63½ பாகைக் கோணத்தால் அளந்தது. இந்நாட்டின் கட்டடக்கலைஞர் நெடுங்காலம் மனப்பாடமாக வைத்திருந்த கோணம் இது. சூரிய ஒளி எந்தக் கோணத்தில் வீட்டினுள் நுழையவேண்டும் என அரைப் பாகை வரை கணக்கிட்ட சட்டம், மனிதர் எவ்வாறு நுழைவர் என்பதைக் கணக்கிடவில்லை. நோய்க்கிருமிக்கு அஞ்சியே அது இயற்றப்பட்டது. ஆகவே காற்றும் வெளிச்சமுமே அதன் கண்ணிற்பட்டன. சரிவான நிலத்திற் படிகளின்மேல் எழுந்த நகரத்திற்கு இவ்விடுபாடு சிறியதன்று.

நகர எல்லையைக் கடந்து தெல்தோட்டை, கலஹா, புசல்லாவை வழியே செல்வோர் வேறொரு வீட்டு வரலாற்றைக் காண்பர். 1830களிலிருந்து கண்டியைச் சூழ்ந்த மலைகளிற் கோப்பித் தோட்டங்கள் பெருகின. 1867இல் ஹேவாஹெட்டையின் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வர்த்தகப் பயிராகத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே புகையிரதமும் கண்டியை அடைந்தது. கண்டிச் சீமைக்கு வந்த தமிழகத் தொழிலாளருக்குக் கிடைத்த வீடு லயன் அறையாகும். ஏறத்தாழப் 10 அடிக்கு 12 அடியான ஓர் அறையும் அதன்முன் ஒடுங்கிய ஒரு விறாந்தையும் கொண்ட அவ்வமைப்பு, வேலை செய்யும் உடலை இரவில் வைத்திருப்பதற்கென உருவானது. 1872இலும் அதன் பின்னும் வந்த மருத்துவக் கட்டளைச் சட்டங்களும், 1912இல் வந்த தொழிலாளர் நோய்கள் பற்றிய சட்டமும் தோட்ட மக்களின் சுகாதாரத்தைக் கவனித்தன. தொழிலாளர் நோயுற்றுச் சாகாதிருப்பது தோட்டத்துக்கு இலாபமாகும். அவர் உயிர்பிழைத்து நடக்க இயலாதவரானால் என்செய்வது என்ற வினா அச்சட்டங்களுள் எழவில்லை.

அவ்வினாவின் ஒரு பாதிக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விடை கூறியது. எந்த உறுப்பை இழந்தால் உழைக்கும் ஆற்றலில் எத்தனை வீதம் இழந்ததாகக் கொள்வது என அது அட்டவணை வகுத்தது. வேலையிற் காலை இழந்தவர் அதன்படி நட்டஈடு பெறலாம். ஆயின் லயன் அறை வேலையோடு பிணைந்தது. வேலைக்கு ஆகாதவர் தம் பெயரில் அவ்வறையை வைத்திருக்க இயலாது; வேலை செய்யும் உறவினரின் நிழலிலேயே அவர் ஒதுங்கவேண்டியிருந்தது. 1939ஆம் ஆண்டின் வறியோர் சட்டம் இத்தகையோர்க்கு உதவியிருக்கலாம். ஆனால் அது கொழும்பு, கண்டி, காலி ஆகிய மூன்று மாநகர சபைகளின் எல்லைக்குள்ளேயே செயற்பட்டது. கண்டி நகரின் வறியவருக்கு மாநகர சபை பொறுப்பு. சில கல் தொலைவிலுள்ள தோட்டத்தின் வறியவருக்கு அத்தகைய பொறுப்பாளர் எவருமில்லர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபின் அரசிடம் கேட்கும் உரிமையும் அற்றுப்போயிற்று.

1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்பு (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இவ்வகையில் உரிய கவனத்தைப் பெறாத ஒரு சட்டமாகும். நீதிமன்றக் கட்டளையின்றித் தொழிலாளரைக் குடியிருப்பிலிருந்து வெளியேற்றலாகாது என்பது அதன் உட்கருத்து. அங்கவீனம் என்ற சொல் இல்லாமலே அங்கவீனரைக் காத்த சட்டம் அது எனக் கூறுதல் தவறாகாது. அதே காலத்தில் நகர வீடுகள் பற்றி வந்த 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டமும் 1973ஆம் ஆண்டின் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டமும் வீடு யாருக்குரியது என்ற பிரச்சினையைத் துணிவுடன் கையாண்டன. வீட்டினுள் யார் ஏறிச்செல்ல முடியும் என்பது அன்று இலங்கையில் அரசியற் பிரச்சினையாக உருப்பெறவில்லை.

பிற நாடுகளில் அது உருப்பெற்றுவிட்டது. ஐக்கிய அமெரிக்காவில் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் திமோதி நியூஜென்ற் என்பார் தலைமையில் நடந்த ஆய்வின் பயனாக 1961இல் கட்டட நியமமொன்று வெளிவந்தது. ஓர் அடி உயரத்திற்குப் 12 அடி நீளச் சாய்தளம் வேண்டும் என அது விதித்தது. பின்னர்ப் பல நாடுகள் மேற்கொண்ட அளவு அதுவே. பிரித்தானியாவின் 1970ஆம் ஆண்டுச் சட்டம், வீடமைப்பு அதிகாரிகள் அங்கவீனரின் தேவையையும் கருத்திற்கொள்ளவேண்டும் எனப் பணித்தது. இல்லினோய் சமவெளி, பேராதனை மலைச்சாரல். ஹந்தானை மலைக்கும் மகாவலிக்கும் இடையே பற்றிக் அபர்குரொம்பியின் திட்டப்படி அமைந்த வளாகத்தை 1954இல் திறந்துவைத்த எடின்பரோக் கோமகன், பல்கலைக்கழகம் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகத் திறந்திருப்பதாக வேடிக்கையாகக் கூறினார். சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்கு அது எவ்வளவு திறந்திருந்தது என்பதை விடுதிகளுக்கு ஏறிச்செல்லும் படிகளே சொல்லும். வதிவிடப் பல்கலைக்கழகத்தில் விடுதியும் வீடே என்பதை மறத்தலாகாது.

இலங்கையில் மாற்றம் மெதுவாக வந்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பாரபட்சம் காட்டலாகாத காரணங்களை வரிசைப்படுத்துகையில் அங்கவீனத்தைச் சேர்க்கவில்லை. பெண்கள், சிறுவர், அங்கவீனர் ஆகியோரின் முன்னேற்றத்திற்கு விசேட ஏற்பாடு செய்வதற்குத் தடையில்லை என்று மட்டும் கூறியது. 1988இல் வெளிவந்த பொது நிருவாகச் சுற்றறிக்கை அரச வேலைகளில் 3 வீதத்தை ஒதுக்கியது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமே அங்கவீனரின் உரிமை என்ற சொல்லைத் தன் பெயரில் தாங்கி வந்தது. பொதுமக்கள் செல்லும் எந்தக் கட்டடத்திற்கும் இடத்திற்கும் செல்வதில் அங்கவீனர்க்குத் தடையிருத்தலாகாது என அதன் 23ஆம் பிரிவு கூறிற்று. மீறப்பட்டால் மாகாண மேல் நீதிமன்றத்தை நாடவும் வழிசெய்தது. ஆனால் அங்கவீனரை அச்சட்டம் வரையறுத்த முறை பழையது. உடல் அல்லது உளத் திறனிலுள்ள குறை காரணமாகத் தம் வாழ்க்கைத் தேவைகளைத் தாமே நிறைவேற்ற இயலாதவர் என்பது அவ்வரைவிலக்கணத்தின் கருத்து. குறை மனிதரிடம் உள்ளது என்று கொண்டால் படிக்கட்டு குற்றமற்றதாகிவிடுகிறது.

படிக்கட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளியான அணுகு வசதி ஒழுங்குவிதிகளாகும். பொதுக் கட்டடங்கள், பொது இடங்கள், பொதுச் சேவைகள் கிடைக்குமிடங்கள் ஆகியவை சாய்தளம், கதவு, மலசலகூடம் முதலியவற்றில் அமையவேண்டிய முறையை அவை வகுத்தன. பழைய கட்டடங்களைத் திருத்த முதலில் வழங்கப்பட்ட 3 ஆண்டுக் கால அவகாசம் 2009இல் நீட்டப்பட்டது. 1992இல் ஓடும் காரின்மீது மரம் விழுந்ததாற் சக்கர நாற்காலிக்கு உள்ளான கலாநிதி அஜித் பெரேரா தாமே உயர் நீதிமன்றத்தை நாடினார். புதிய பொதுக் கட்டடங்கள் இவ்விதிகளின்படி அமையவேண்டும் என 2011 ஏப்பிரலில் நீதிமன்றம் கட்டளையிட்டது. 2020இல் மறையும் வரை அவர் இவ்விடயத்திற் சலியாது எழுதியும் வழக்காடியும் வந்தார். சட்டங்கள் ஏட்டிலிருந்து இறங்குவதற்கு எத்தகைய மனிதர் தேவைப்படுகின்றனர் என்பதற்கு அவர் சான்று.

எனினும் குடியிருப்பு இவ்விதிகளுக்கு வெளியிலேயே நின்றது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 5 வயதும் அதற்கு மேற்பட்டவருமான மக்களுள் 8.7 வீதத்தினர், அதாவது ஏறத்தாழ 16 இலட்சம் பேர், ஏதோவொரு செயற்பாட்டில் இடர்ப்படுகின்றனர். பார்வைக்கு அடுத்தபடியாக நடப்பதிலேயே இவ்விடர் மிகுதியாகக் காணப்பட்டது. இவர்கள் நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது அஞ்சலகத்திலோ வங்கியிலோ அன்று. தோட்ட லயன் ஒன்றின் வாசலை எடுத்துக்கொள்வோம். அரை அடி உயரமான மூன்று படிகள் இருப்பின் மொத்த உயரம் ஒன்றரை அடி. 12 அடிக்கு ஓர் அடி என்ற அளவின்படி 18 அடி நீளச் சாய்தளம் தேவை. அறையின் நீளமோ 12 அடி. வீட்டைவிட நீளமான வாசல் வேண்டும். அதற்குமுன் சரிவான நிலமும் வடிகானும் இருக்கின்றன. நகரின் மேட்டுத் தெருக்களிலும் இதே கணக்கு வேறு அளவிற் பொருந்தும். மலைநாட்டில் இப்பிரச்சினை வீட்டோடு முடிவதில்லை; வீட்டிற்குச் செல்லும் பாதையிலிருந்தே தொடங்குகிறது.

இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிசெய்த ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 28ஆம் உறுப்புரை, அரச வீடமைப்புத் திட்டங்களில் அங்கவீனர் இடம்பெறுவதை உறுதிசெய்யக் கோருகிறது. பாராளுமன்றம் சட்டமாக்கினாலன்றி இத்தகைய சமவாயம் உள்நாட்டு நீதிமன்றத்திற் சட்டமாக நிற்பதில்லை. இந்தியா அதே ஆண்டில் இயற்றிய சட்டத்தின் 37ஆம் பிரிவு வீடமைப்புத் திட்டங்களில் 5 வீதத்தை ஒதுக்கியது. 1996ஆம் ஆண்டின் இலங்கைச் சட்டத்தில் அத்தகைய ஒதுக்கீடு இல்லை. ஐக்கிய அமெரிக்காவின் 1988ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வேறொரு வழியைக் காட்டியது: வாடகைக்கு இருப்பவர் தம் செலவில் நியாயமான மாற்றங்களைச் செய்யக் கேட்டால் வீட்டுரிமையாளர் மறுத்தலாகாது. பெருஞ்செலவு வேண்டாத இவ்விதி தோட்டப் பகுதிக்கு மிகவும் பொருந்துவது. தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாகி, 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோதும் லயன் அறை குடியிருப்பவருக்குச் சொந்தமாகவில்லை.

2015இன் பின்னர் 7 பேர்ச்சுக் காணியில் தனிவீடு என்ற திட்டம் முன்னெடுக்கப்பட்டது. இந்திய உதவியுடன் 4,000 வீடுகள் தோட்டப் பகுதிகளுக்கென ஒதுக்கப்பட்டன. 2017இல் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. இவ்வீடுகளின் காணியுறுதியைக் கையிற் பெற்ற குடும்பம், வேண்டுமாயின், தன் வாசற்படியைத் தானே இடித்துச் சாய்தளம் அமைத்துக்கொள்ளலாம். லயன் அறையில் எஞ்சியிருப்பவர் ஒரு படியை அகற்றுவதற்கும் தோட்ட நிருவாகத்தின் அனுமதியைக் கேட்டு நிற்கவேண்டியவராகவே உள்ளார்.