பிரஷர் பார்த்தாச்சு... அப்புறம்?

போன நவம்பரில் குளிர்கால உடுப்புகளைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தபோது, ஸ்வெட்டர் பையில் ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தது. என் பெயர், வயது, அதற்குக் கீழே 160/100. அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில் ஒரு நாள் சாணக்யபுரியில் காலை நடை போனபோது, நேரு பார்க் பக்கம் ஷாமியானா போட்டு இலவச ரத்த அழுத்த முகாம் நடத்திக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்றேன். மூச்சு வாங்கக்கூட நேரமில்லை. ஸ்வெட்டர் கையைச் சுருட்டிவிட்டுப் பட்டையைக் கட்டினார்கள், "டாக்டரைப் பாருங்கள்" என்றார்கள், சீட்டைக் கொடுத்தார்கள். அடுத்த ஆள். கிளம்பும்போது பேனர் முன்னால் நிறுத்தி எல்லோரையும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அன்றைய கணக்கில் நானும் ஒருவன். ஆனால் நான் டாக்டரைப் பார்க்கவில்லை. பார்த்தேனா என்று யாரும் கேட்கவும் இல்லை.

இதில் வெட்கப்பட எனக்கு இன்னொரு காரணம் உண்டு. 2004-ல் காரைக்குடியில் அப்பா குளியலறையில் விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு. அவருக்கு பிரஷர் இருந்ததே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். மூன்றாம் நாள் போய்விட்டார்.

அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் படிக்க ஆரம்பித்தேன். நான் காமர்ஸ் படித்தவன், வங்கியில் கணக்குப் பார்க்கிறவன். வைத்தியம் சொல்ல வரவில்லை. ஆனால் பிரஷரை 'எண்ணின' சரித்திரம் ஒன்று இருக்கிறது. அது எங்கள் தொழிலுக்கு ரொம்ப நெருக்கமாகப் பட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரத்த அழுத்தத்தை முதலில் அளந்தது மனிதனிடம் இல்லை, குதிரையிடம். இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் ஒரு குதிரையின் ரத்தக்குழாயில் கண்ணாடிக் குழாயைச் செருகி, ரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்து 1733-ல் புத்தகமாக வெளியிட்டார். கையில் பட்டை கட்டி அளக்கும் பாதரசக் கருவியை 1896-ல் இத்தாலியில் ரிவா-ரோச்சி கொண்டுவந்தார். 1905-ல் ரஷ்யாவின் கொரோட்காஃப், ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு மேல் எண், கீழ் எண் இரண்டையும் சொல்லும் முறையைக் கண்டுபிடித்தார்.

அளக்கத் தெரிந்துவிட்டது. ஆனால் அளந்து என்ன செய்வது என்று தெரியவில்லை! வயதானால் அழுத்தம் ஏறுவது இயற்கை, அதில் கை வைக்கக்கூடாது என்று நினைத்த டாக்டர்கள் ஏராளம். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் 186/108. ஆனாலும் அவர் நன்றாக இருக்கிறார் என்றே வெள்ளை மாளிகை டாக்டர் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். 1945 ஏப்ரல் 12-ம் தேதி மூளையில் ரத்தக் கசிவு. அன்று அளந்தது 300/190. அந்தப் பெரிய மனிதருக்கும் காரைக்குடியில் எங்க அப்பாவுக்கும் முடிவு ஒன்றுதான்.

1948-ல் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் ஆயிரக்கணக்கானவர்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனிக்க ஆரம்பித்தார்கள். அழுத்தம் கூடினால் மாரடைப்பும் பக்கவாதமும் கூடும் என்பது அதில் தெளிவானது. 1967-லும் 1970-லும் எட்வர்ட் ஃப்ரைஸ் குழுவினர், மாத்திரை கொடுத்துக் குறைத்தால் ஆபத்து குறைகிறது என்று முன்னாள் ராணுவத்தினரிடம் நிரூபித்தார்கள். 1972-ல் அமெரிக்க அரசு இதற்கென்று தேசியத் திட்டமே தொடங்கியது.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்தக் காலத்தில்தான் 'பாதிக் கணக்கு' என்று ஒன்று வழக்கத்துக்கு வந்தது. பிரஷர் உள்ளவர்களில் பாதிப் பேருக்குத்தான் அது இருப்பதே தெரியும். தெரிந்தவர்களில் பாதிப் பேர்தான் மருந்து சாப்பிடுகிறார்கள். சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்குத்தான் கட்டுக்குள் இருக்கிறது. நூறு, ஐம்பது, இருபத்தைந்து, கடைசியில் பன்னிரண்டரை. நூறு பேரில் எண்பத்தேழு பேர் வழியிலேயே எங்கோ விழுந்துவிடுகிறார்கள். என் முகாம் இந்தக் கணக்கின் முதல் படியை மட்டும் எண்ணியது. இரண்டாம் படியில் நான் விழுந்தேன்.

வங்கிக்காரனுக்கு இது புதுசில்லை. 2014 ஆகஸ்டில் ஜன் தன் திட்டம் வந்தபோது, எத்தனை கணக்கு திறந்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. பிறகுதான் எத்தனையில் பணம் இருக்கிறது, எத்தனை நடப்பில் இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேள்வி மாறியதும் நாங்கள் வேலை செய்த விதமும் மாறியது. எதை எண்ணுகிறோமோ அதுதான் நடக்கும்.

பிரஷர் விஷயத்திலும் நம் நாட்டில் கேள்வி மெதுவாக மாறியிருக்கிறது. 2017 நவம்பரில் ஐசிஎம்ஆர், மத்திய மாநில அரசுகள், உலக சுகாதார நிறுவனம் ஆகியவை சேர்ந்து, பஞ்சாப், கேரளா, மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா, தெலங்கானா மாநிலங்களின் 26 மாவட்டங்களில் ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். அதில் முக்கியமான எண் 'எத்தனை பேரைப் பார்த்தோம்' என்பது இல்லை. இந்த மூன்று மாதத்தில் பதிவான நோயாளிகளில், அடுத்து வந்தபோது எத்தனை பேருக்கு 140/90-க்குக் கீழே இருக்கிறது? எத்தனை பேருக்கு இல்லை? எத்தனை பேர் வரவே இல்லை? இந்த மூன்றும்தான். வராதவர் கணக்கிலிருந்து மறைந்துவிட முடியாது. 2022-ல் இதற்கு ஐ.நா. விருதும் கிடைத்தது.

எனக்கு உடனே வாராக்கடன் நினைவுக்கு வந்தது. தொண்ணூறு நாள் தவணை வராவிட்டால் அந்தக் கடன் தனிப் பட்டியலுக்குப் போய்விடும். போன் போகும், ஆள் போவார். மூன்று மாதம் பணம் கட்டாதவரை வங்கி மறப்பதில்லை. மூன்று மாதம் மாத்திரை வாங்க வராதவரை ஏன் மறக்கவேண்டும்?

அடுத்தது, அந்த எண்ணே சரியா? ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிந்து, கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். பேசக்கூடாது. அரை மணிக்குள் காபி குடித்திருக்கக் கூடாது. பட்டை கையின் பருமனுக்குப் பொருந்த வேண்டும், துணி மேல் கட்டக்கூடாது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை அளக்க வேண்டும். டில்லிக் குளிரில் இறுகச் சுருட்டின ஸ்வெட்டர் கையும், வேக நடையும் சேர்ந்தால் என்ன எண் வரும் என்று சொல்லத் தேவையில்லை. இன்னொன்று, முகாம் நோட்டில் 120, 130, 140 என்று எல்லாமே பூஜ்யத்தில் முடிந்தால் சந்தேகப்பட வேண்டும். பத்து எண்ணுக்கு ஒன்றுதான் பூஜ்யத்தில் முடிவது நியாயம். எல்லாமே ரவுண்டாக இருக்கும் கேஷ் புக்கை எந்த ஆடிட்டரும் நம்பமாட்டார். என் 160/100-ம் இரண்டு பூஜ்யம்தான் :-)

மூன்றாவது, யார் வருகிறார்கள்? எங்கள் முகாமுக்கு வந்தவர்கள் என்னைப்போல நடைப்பயிற்சிக்காரர்கள். வருஷம் ஒரு தடவையாவது யாராவது அளந்துவிடுகிற ஆட்கள். இதே சாணக்யபுரியில் தூதரகங்களுக்கு அருகிலேயே விவேகானந்த் கேம்ப், சஞ்சய் கேம்ப் என்று குடிசைப் பகுதிகள் இருக்கின்றன. இந்த ஊரில் 'கேம்ப்' என்றால் அதுதான். காலை ஏழு மணிக்கு அங்கே இருக்கிற சமையல்காரரும் டிரைவரும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். முகாம் அவர்களிடம் போகாமல் அவர்கள் முகாமுக்கு வரப்போவதில்லை.

இந்த இடத்தில்தான் நம்ம ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2007-ல் தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தில் பிரஷருக்கான முன்னோட்டத்தை சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் நடத்தினார்கள். காரைக்குடி இருப்பது சிவகங்கை மாவட்டத்தில். அப்பா போய் மூன்று வருஷம் கழித்து... 2012 வாக்கில் அது மாநிலம் முழுக்க விரிந்தது. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது.

2022 டிசம்பரில் அதன் பயனாளிகள் ஒரு கோடி என்று அறிவித்தார்கள். பெரிய எண்தான், பெருமையும்தான். ஆனால் அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொரு எண். 2020-ல் மாநிலம் எடுத்த கணக்கெடுப்பில், பிரஷர் உள்ள நூறு பேரில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 பேர்தான். பாதிக் கணக்கின் பன்னிரண்டரைகூட இல்லை. அடுத்த சுற்றில் அது 17 ஆனது. இன்னும் 83 பேர் பாக்கி. கோடி என்பது எவ்வளவு தூரம் போனார்கள் என்று சொல்கிறது. 7, 17 ஆனதுதான் போய் என்ன ஆனது என்று சொல்கிறது. சங்கடமான அந்த முதல் எண்ணை எடுத்து வைத்ததால்தான் இரண்டாவதை ஒப்பிட முடிந்தது.

சீட்டு கிடைத்த அன்று இரவு அம்மாவிடம் போனில் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. அப்புறம், "இங்க அந்தப் பொண்ணு வாசல்ல உக்காந்து அளந்து, நோட்டுல எழுதிட்டுப் போகுது தம்பி. ஒரு தடவ நான் மதுரைக்குப் போயிருந்தப்போ, ஏன் காணோம்னு பக்கத்து வீட்டுல கேட்டுட்டுப் போயிருக்கு. ஒனக்கு டில்லியில யாருப்பா கேக்குறா?" என்றாள். பதில் இல்லை.

மறுநாள் டாக்டரிடம் போனேன். ஒரு வாரம் வீட்டில் அளந்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். 150-க்குக் கீழே ஒரு நாளும் இறங்கவில்லை. இப்போது தினம் ஒரு மாத்திரை. போன வாரம் 132/84.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நாம் ஊருக்குப் போன் செய்யும்போது "பிரஷர் பாத்தீங்களா?" என்று கேட்கிறோம். "பாத்தாச்சு" என்று பதில் வரும், விஷயம் முடிந்துவிடும். இனி வேறு மாதிரி கேளுங்கள். கடைசியாக எவ்வளவு இருந்தது, என்றைக்கு, மாத்திரை இன்னும் எத்தனை நாளுக்கு இருக்கிறது, அடுத்து எப்போது போகணும்? அதே நாலு கேள்வியை உங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். என்னை இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மா கேட்கிறாள்.