முத்துவின் பறவை
இலங்கையிற் பறவைகளை இனங்காணல் – ஒரு வரலாற்று நோக்கு

வீட்டு வளவிலே மண்சட்டியில் நீரும், மதிலின்மேற் சிறிது சோறும் பழமும் வைத்தாற் பறவைகள் வந்து சேரும். காகம், புலுனி, கொண்டைக்குருவி, மைனா முதலியன நமக்குப் பழகியவை. ஆயின் மாரிகாலம் தொடங்கும் வேளையில், முன்பு கண்டறியாத சிறு பறவையொன்று வேலியோரத்துக் கிளையில் வந்து அமர்வதுண்டு. ‘இஃது என்ன பறவை?’ என்ற வினா அப்போது எழுகின்றது. வினா எளியதே, எனினும், அதற்கு விடைகாணும் முறைக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. பறவையைக் கண்டவர் யார், அதற்குப் பெயரிட்டவர் யார், அப்பெயர் எம்மொழியில் எழுதப்பட்டது என்பன அவ்வரலாற்றில் அடங்கும். பறவையை அது வாழும் இடத்திலே அறிந்தவரும், அதற்கு நூலிற் பெயர் தந்தவரும் நெடுங்காலம் வெவ்வேறு மனிதராகவே இருந்தனர் என்பதையும், அப்பிரிவு நம் தமிழுக்கு இழைத்த நட்டத்தையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பறவைப் பெயர்களுக்குத் தமிழிற் பஞ்சம் இருந்ததில்லை. அன்றில், குருகு, நாரை, பூவை, செம்போத்து எனப் பழைய இலக்கியங்கள் பல பறவைகளைக் குறிக்கின்றன. நிகண்டுகள் அப்பெயர்களைத் தொகுத்துத் தந்தன. ஆயினும் நிகண்டு தருவது பெயருக்குப் பெயர். அஃதாவது, ஒரு சொல்லுக்கு ஈடான வேறு சொற்கள். பறவையின் அலகு எத்தகையது, கால் என்ன நிறம், எப்பருவத்தில் வரும், எவ்வாறு ஒலிக்கும் என்பனவற்றை அது கூறுவதில்லை. கூறுவது அதன் பணியுமன்று. செய்யுளை உணர்தற்கும் இயற்றுதற்கும் துணைபுரிவதே அதன் பணி. எனவே நிகண்டு முழுவதையும் மனனஞ் செய்த ஒருவரும், தம் முற்றத்தில் வந்திறங்கிய புதிய பறவையைக் கண்டு அதன் பெயர் கூற முடியாதவராய் இருத்தல் கூடும். அன்றில் என்பது எப்பறவை என அறிஞர்கள் இன்றும் வாதிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இலங்கைப் பறவைகள் ஐரோப்பிய விஞ்ஞானத்தின் கவனத்திற்கு வந்தது ஒல்லாந்தர் காலத்திலாகும். 1752 முதல் 1757 வரை இங்கு ஆளுநராயிருந்த ஜோன் கிடியோன் லோட்டன் இயற்கையில் ஈடுபாடு மிக்கவர். அவருக்காகப் பறவைகளை வண்ண ஓவியங்களாகத் தீட்டியவர், இலங்கையிற் பிறந்த பீற்றர் கோர்னேலிஸ் டி பெவரே என்பவர். இவ்வோவியங்களைத் துணையாகக் கொண்டு பீற்றர் பிறவுண் 1776 இல் இலண்டனிலே ஒரு நூலை வெளியிட்டார். இதற்குள் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு, உயிரினம் ஒவ்வொன்றுக்கும் இரு சொற்களாலான இலத்தீன் பெயரிடும் முறையை விலங்குலகம் முழுவதற்கும் 1758 இல் விரித்திருந்தார். 1766 இல் அவர் நம் தோட்டங்களிற் பூத்தேன் அருந்தவரும் நீண்டு வளைந்த அலகுடைய தேன்சிட்டு ஒன்றுக்கு லோட்டனின் பெயரை இட்டார். லின்னேயசு இத்தீவைக் கண்டவரல்லர். ஆளுநரின் பெயர் இன்றும் அச்சிட்டின் பெயராக வழங்குகின்றது. அருகிருந்து தீட்டிய டி பெவரேயின் பெயரை ஆய்வாளரன்றி வேறெவரும் அறியார்.

ஆங்கிலேயர் காலத்தில் இனங்காணும் முறை மேலும் ஒழுங்குபெற்றது. ஆனால் அது துப்பாக்கியை அடிப்படையாகக் கொண்ட ஒழுங்காகும். தொலைநோக்குக் கருவிகள் நயமடையாத அக்காலத்தில், பறவையைச் சுட்டு வீழ்த்தி, தோலை உரித்து, பஞ்சடைத்து, அலகு, கால், சிறகு, வால் ஆகியவற்றின் நீளங்களை அளந்து, முன்னைய தோல்களுடன் ஒப்பிட்டாலன்றி அஃது என்ன இனமென உறுதிகூற இயலாது. இலங்கையிற் சேர்த்த தோல்கள் கப்பலேறிக் கல்கத்தாவுக்குச் சென்றன. அங்கே ஏசியாற்றிக் சங்கத்து நூதனசாலையின் பொறுப்பாளராயிருந்த எட்வேட் பிளைத் அவற்றை ஆராய்ந்தார். இலங்கையிலே பிறந்த வைத்தியர் எட்வேட் பிரெடெரிக் கெலாட் 1852 இல் இத்தீவின் விலங்கினங்களைத் தொகுத்து நூலாக்கினார். அவர் காலத்தவரான எட்கார் லெயாட், 1846 இல் இலங்கைக்கு வந்து அரசாங்க சேவையில் அமர்ந்தவர். நினிவே நகரை அகழ்ந்து புகழ்பெற்ற ஒஸ்ரின் ஹென்றி லெயாட்டின் இளைய சகோதரர். அவர் 1853, 1854 ஆம் ஆண்டுகளில் இலங்கைப் பறவைகள் பற்றிய தொடர் குறிப்புகளை இலண்டன் சஞ்சிகையொன்றில் வெளியிட்டார்.

அக்குறிப்புகளிலேதான் ஒரு தமிழ்ப் பெயர் விஞ்ஞானத்தின் ஏட்டில் ஏறுகின்றது. லெயாட்டிடம் முத்து என்னும் பணியாள் ஒருவர் இருந்தார். பருத்தித்துறையில் ஒரு நாட் காலை அவர் சிறு பறவையொன்றை வேட்டையாடிக் கொணர்ந்தார். அதனை எவரும் முன்னர் விபரித்திலர் என உணர்ந்த லெயாட், அதற்குத் தம் பணியாளின் பெயரையே சூட்டினார். தம்மிடமிருந்த சிறந்த பறவைகள் பலவற்றை முத்துவின் பொறுமைக்கும் வேட்டைத் திறனுக்குமே தாம் கடமைப்பட்டுப் பெற்றதாகவும் அவர் எழுதிவைத்தார். 1854 இல் ‘பூட்டாலிஸ் முத்துயி’ எனப் பெயர்பெற்ற அப்பறவை, பேரினம் மாறியபின் ‘மஸ்கிகப்பா முத்துயி’ என இன்று வழங்கப்பெறுகின்றது. பேரினப் பெயர் மாறினும், முதலில் இட்ட சிற்றினப் பெயர் மாறாதென்பது விலங்கியலின் விதி. ஆகவே முத்துவின் பெயர் அழியாது நிலைபெற்றுள்ளது.

அப்பறவை பழுப்புமார்பு ஈபிடிப்பான் ஆகும். நீளம் ஏறத்தாழ 13 சென்ரிமீற்றர். பகட்டான நிறம் எதுவுமில்லை. மேற்புறம் மங்கிய பழுப்பு, தொண்டை வெண்மை, மார்பிலே இளம்பழுப்பு. வடகிழக்கு இந்தியா, மியன்மார், தென்சீனம் ஆகிய பகுதிகளிற் கூடுகட்டி, குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும் வலசைப் பறவை. நிழல் அடர்ந்த சோலைகளிலும் தோட்டங்களிலும் தாழ்ந்த கிளையில் ஓசையின்றி அமர்ந்திருந்து, பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடித்து மீளும். அதனோடொத்த பழுப்பு நிற ஈபிடிப்பான் இன்னொன்றும் அதே பருவத்தில் நம் வளவுகளுக்கு வருகின்றது. இரண்டையும் வேறுபிரித்தல் எளிதன்று. முத்துவின் பறவைக்குக் கால்கள் வெளிறிய ஊன்நிறமாயிருக்கும். கீழலகு முழுவதும் மஞ்சள் சார்ந்திருக்கும். மற்றதற்குக் கால்கள் கருமையானவை. கீழலகின் அடிப்பகுதி மட்டுமே வெளிறியிருக்கும். இத்தகைய பறவையைப் பற்றையிடையே கண்டு, அது தாம் வழக்கமாய்க் காணும் பறவையன்று எனத் தேர்ந்து கொணர்ந்தவரை வெறும் ஏவலாளர் என ஒதுக்குதல் தகுமோ? முதலில் இனங்கண்டவர் அவரே எனக் கொள்வதற்கு இடமுண்டு.

இவ்விடத்தில் வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, இச்சான்று முழுவதும் எசமானின் கூற்றாகவே நமக்குக் கிடைக்கின்றது. முத்துவின் தந்தை யார், அவர் பறவைகளை என்ன பெயர்களால் அழைத்தார், அறிவை யாரிடம் பெற்றார் என்பன அதில் இல்லை. பெயர் எஞ்சிற்று, அறிவு எஞ்சவில்லை. ஆங்கில வழக்கிலோ இதே பறவையை லெயாட்டின் ஈபிடிப்பான் என அழைப்பாரும் உளர். இலத்தீனிற் பணியாளுக்குக் கிடைத்த இடம் ஆங்கிலத்தில் எசமானுக்கே மீண்டது போலும். இலங்கைக்கே உரிய கிளியொன்றுக்கும் இதுவே நேர்ந்தது. அதன் இலத்தீன் பெயர் லெயாட்டின் மனைவியின் குடும்பப் பெயரிலிருந்து 1849 இற் பிளைத் இட்டதாகும். ஆங்கிலப் பெயரோ லெயாட்டின் கிளி என்பது.

இரண்டாவது, காலம் பற்றியது. பறவை கிடைத்தது ஜூன் மாதமென லெயாட் குறிக்கின்றார். ஒக்ரோபர் அளவில் வந்து வேனில் தொடங்குமுன் நீங்கும் பறவைக்கு ஜூன் மாதம் பொருந்துவதன்று. இம்முரண்பாட்டை நாம் உணர்வதற்குக் காரணம், அவர் இடத்தையும் மாதத்தையும் எழுதிவைத்தமையேயாகும். எழுதப்பட்ட தவற்றையும் பின்வந்தோர் ஆராயலாம். எழுதப்படாத உண்மையை எவரும் ஆராய முடியாது.

முத்து பருத்தித்துறையிலே பறவைகளைத் தேடித் திரிந்த அதே காலத்தில் நிகழ்ந்ததொன்றை இதனோடு வைத்து நோக்குதல் பொருந்தும். ஆறுமுக நாவலர் 1849 இற் சூடாமணி நிகண்டுரையை அச்சிற் பதிப்பித்தார். திண்ணைப் பள்ளிகளிற் சிறுவர்கள் அந்நிகண்டை மனனஞ் செய்தனர். ஒருபுறம், பறவையின் பெயர்களை ஓதிய மாணவர். மறுபுறம், பறவையையே அறிந்த முத்து. இவ்விரு சாராரும் ஒரே குடாநாட்டில், ஒரே மொழியைப் பேசி வாழ்ந்தனர். எனினும், ஒருவர் அறிவு மற்றவரைச் சென்றடையவில்லை. முத்துவின் அறிவு ஆங்கிலத்திற் குறிக்கப்பெற்று இலண்டனிலே அச்சேறிற்று. நிகண்டின் சொல்வளம் செய்யுளோடு நின்றது. நாவலரின் பணியைக் குறைகூறுவதற்கன்று இதனைச் சொல்வது. தமிழ்க் கல்வியை அழியாது காத்த பெருந்தொண்டு அது. ஆயின் உழைப்போரின் அனுபவ அறிவை எழுத்தில் வடிக்கும் வழக்கம் அக்காலக் கல்வியில் இடம்பெறாமையால், தமிழுக்கு நேர்ந்த நட்டம் பெரிது.

லெயாட்டுக்குப் பின்வந்தோருள் தலைசிறந்தவர் உவில்லியம் வின்சென்ற் லெக். பீரங்கிப் படை அதிகாரியான அவர் 1868 முதல் 1877 வரை இலங்கையிலிருந்து, 1878 முதல் 1880 வரையில் ஆயிரம் பக்கங்களை விஞ்சிய பெருநூலை வெளியிட்டார். தோலை அளந்ததோடு நில்லாது, பறவையின் வாழிடம், ஒலி, கூடு, முட்டை ஆகியவற்றையும் அவர் விரிவாய் எழுதினார். சிங்கள, தமிழ்ப் பெயர்களையும் குறித்தார். 1877 இற் கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்டபின், ஒப்பிடுதற்குரிய தோல்கள் நாட்டிலேயே சேரலாயின.

ஆயினும் இனங்காணும் கலையின் பெரும் மாற்றம் வேறிடத்தில் நிகழ்ந்தது. அமெரிக்காவில் புளோரன்ஸ் மெரியம் என்னும் பெண்மணி 1889 இல், நாடகம் பார்க்கும் சிறு கண்ணாடியைக் கொண்டு உயிருள்ள பறவையை இனங்காணும் முறையை நூலாக எழுதினார். 1934 இல் றோஜர் ரோரி பீற்றர்சன் வெளியிட்ட கைநூல், ஒத்த தோற்றமுடைய பறவைகளை அருகருகே வரைந்து, வேறுபடுத்தும் அடையாளங்களைச் சிறு கோடுகளாற் சுட்டிக் காட்டிற்று. துப்பாக்கியின் இடத்தைக் கண்ணாடி பெற்றது. கொல்லாமலே அறியலாம் என்றாயிற்று. இதன் சமூக விளைவும் பெரிது. துப்பாக்கியும் நூதனசாலையும் அதிகாரிகளுக்கே எட்டுவன. கண்ணும் பொறுமையும் குறிப்பேடும் எவருக்கும் எட்டுவன. இலங்கையில் இம்மாற்றத்தைக் கொணர்ந்தவர் ஜோர்ஜ் ஹென்றி. இந்நாட்டிலே பிறந்து, கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றிய அவர், தாமே வரைந்த படங்களோடு 1955 இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், புதிய பறவையை நாம் பழகிய பறவையோடு அளவில் ஒப்பிட்டு, நடத்தையையும் ஒலியையும் விளக்கிற்று. 1943 இல் இலங்கைப் பறவைக் கழகமும், 1976 இற் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து களப் பறவையியற் குழுவும் தோன்றின.

காண்பவரும் பெயரிடுபவரும் ஒருவரேயாகும் நிலை இம்மண்ணிலே கைகூடியதற்கு ஒரு சான்று உண்டு. 1995 இல் இலங்கையின் ஈரவலயக் காட்டில், தாம் முன்பு கேட்டறியாத ஒலியொன்றை தீபால் வரகாகொட என்னும் பறவையியலாளர் செவிமடுத்தார். ஆறாண்டு கழித்து, 2001 இல், அவ்வொலிக்குரிய சிறு ஆந்தையைக் கண்ணாற் கண்டார். 2004 இல் அது புதிய இனமென விபரிக்கப்பட்டபோது, விபரித்த இருவருள் அவரும் ஒருவரானார். அறியாத ஒலியை அறியாத ஒலியென உணர்வதற்கு, அறிந்த ஒலிகள் அனைத்தும் நினைவில் இருத்தல் வேண்டும். முத்துவிடம் இருந்ததும் இத்தகைய அறிவே. வேறுபாடு, பின்னவர் தாமே எழுதினார் என்பதாகும்.

இன்று கைத்தொலைபேசியின் செயலிகள் படத்தைக் கொண்டும் ஒலியைக் கொண்டும் பறவையின் பெயரைக் கூறுகின்றன. அவை பயனுடையனவே. ஆயினும் பெயர் கிடைத்த மாத்திரத்தே அறிவு கிடைத்துவிடாது என்பதை நிகண்டின் வரலாறு காட்டிற்று. வளவுக்கு வந்த புதிய பறவையின் அளவு, அலகின் வடிவு, காலின் நிறம், உண்ட உணவு, அமர்ந்த உயரம், நாள், இடம் ஆகியவற்றை அவ்வப்போதே எழுதிவைத்தல் வேண்டும். சோற்றுக்கும் பழத்துக்கும் வருவன சிலவே. பூச்சியுண்ணும் பறவைகள் அவற்றை நாடா. நீருக்கும் நிழலுக்குமே வரும். ஆதலின் உணவு வைத்த இடத்தை மட்டுமன்றி, வேலியோரத்தையும் நோக்குதல் வேண்டும்.

இவற்றோடு தமிழர்க்குச் சிறப்பாக உரிய பணியொன்றுமுண்டு. காலையும் மாலையும் ஆறுமணியளவில் ஒலிக்கும் பறவையை ஆறுமணிக்குருவி எனப் பெயரிட்ட மக்கள், வருணனையையே பெயராக்கும் ஆற்றல் வாய்ந்தவர்கள். இத்தகைய பெயர்கள் வன்னியிலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் முதியோர் நாவில் இன்னும் வழங்குகின்றன. ஊர்தோறும் கேட்டு, பெயரையும் அப்பெயர் குறிக்கும் பறவையையும் ஒருங்கே பதிவுசெய்தல் பல்கலைக்கழக மாணவர் ஆற்றக்கூடிய பணியாகும். சொன்னவரின் பெயரையும் உடன் எழுதுதல் வேண்டும். லெயாட் தம் பணியாளின் பெயரை எழுதினார்; அவர் அறிந்தவற்றை எழுதவில்லை. அவ்விரண்டையும் ஒருசேர எழுதுதல் நம் தலைமுறையின் கடன்.