மதுரை வட்டாரத்தின் உயிரினப் பதிவுகளும் மின்தரவுத்தளங்களும்

மதுரை நகரிலும் சுற்றியுள்ள கண்மாய்கள், குன்றுகள், மானாவாரி நிலங்களிலும் தென்படும் பறவை, விலங்கு, பூச்சி, செடிகொடிகளை இடம், நாள், ஆதாரத்தோடு பொதுத் தரவுத்தளங்களில் ஏற்றி, அங்கேயே அவற்றின் இனத்தையும் உறுதிசெய்துகொள்ளும் பழக்கம் இக்கட்டுரையின் பொருள். பறவைகளுக்கு இ-பேர்ட், மற்ற எல்லா உயிர்களுக்கும் ஐ-நேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் ஆகியவை இதில் முக்கியமானவை. செல்பேசியோடு பரவிய பழக்கம்தான். ஆனால் எதைப் பார்த்தோம், எங்கே பார்த்தோம், அது அதுதானா என்ற மூன்று கேள்விகளும் இங்கே நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தவை.

அன்றைய பதிவு என்றால் உலர்த்திய செடி, பதப்படுத்திய தோல், அவற்றோடு கட்டிய ஒரு சீட்டு. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயேசு சபைத் துறவிகள் 1895-இல் தொடங்கிய அருங்காட்சியகம் பழனி மலைச் செடிகளைச் சேர்த்து வைத்தது. டபிள்யூ. பிரான்சிஸ் எழுதி 1906-இல் வெளிவந்த மதுரா மாவட்ட கெஜட்டியர் அக்கால மாவட்டத்தின் இயற்கையையும் தொட்டுச் சென்றது. சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றிய கேம்பிளின் பெருநூல் 1915-இல் வெளிவரத் தொடங்கியது. 1925-இல் அவர் மறைந்தபின் பிஷர் அதைத் தொடர்ந்து 1936-இல் முடித்தார். திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராப்பினாட் உலர்தாவரகத்தை மையமாக வைத்து கே. எம். மேத்யூ 1980-களில் வெளியிட்ட தொகுதிகள் அந்த வரிசையில் அடுத்த பெரிய முயற்சி. இவையெல்லாம் நூலகத்துக்குப் போய் அமர்ந்து படிப்பவருக்கு மட்டுமே கிடைத்தன.

சீட்டோடு கூடிய ஒரு மாதிரி என்ன செய்யும் என்பதற்குப் பழைய மதுரை மாவட்டமே நல்ல சான்று தருகிறது. இன்று தேனி மாவட்டத்தில் உள்ள ஹைவேவிஸ் மலையில் ஆங்கஸ் ஹட்டன் 1948-இல் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். சாதாரணமாக எங்கும் காணப்படும் குட்டைமூக்குப் பழந்தின்னி என்ற பெயரில் அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் போய்ச் சேர்ந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் அதைச் சீண்டவில்லை. தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தொங்லோங்யா அதை மறுபடி எடுத்துப் பார்த்தபோது அது புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினமே என்று தெரிந்தது. 1972-இல் சாலிம் அலியின் பெயரைச் சூட்டி லாட்டிடென்ஸ் சாலிமலி என வெளியிட்டார். 1993-இல் மறுபடி பிடிபடும் வரை உலகில் அதற்கு இருந்த ஆதாரம் அந்த ஒற்றை மாதிரிதான். சீட்டில் எழுதிய பெயர் தவறு. இடமும் உடலும் பத்திரமாக இருந்ததால் தவறைத் திருத்த முடிந்தது. இன்றைய தரவுத்தளங்கள் பெயரைக் காட்டிலும் படத்தையும் ஆயத்தொலைவையும் வற்புறுத்திக் கேட்பது இதனால்தான்.

பழைய சீட்டுகளை மின்னாக்கம் செய்யும்போது மதுரைக்கென்றே ஒரு தலைவலி உண்டு. 1910-இல் ராமநாதபுரமும் 1985-இல் திண்டுக்கல்லும் 1996-இல் தேனியும் பிரிந்தன. ஆகவே 1900-இல் ‘மதுரா மாவட்டம்’ என்று எழுதிய சீட்டு கொடைக்கானல் சோலைக்காட்டைக் குறிக்கலாம், மன்னார் வளைகுடாக் கரையையும் குறிக்கலாம். ஊர்ப்பெயர் இல்லாத சீட்டுக்கு மாவட்டத்தின் நடுப்புள்ளியையோ தலைநகரையோ ஆயத்தொலைவாகப் போட்டுவிட்டால், ஏழாயிரம் அடி உயரத்துப் பூச்செடி ஒன்று மாசி வீதியில் முளைத்ததாக வரைபடம் காட்டும். போதாக்குறைக்கு இந்தோனேசியாவில் மதுரா என்றே ஒரு தீவு இருக்கிறது. உலகெங்குமுள்ள அருங்காட்சியகப் பதிவுகளையும் குடிமக்கள் பதிவுகளையும் ஒரே இடத்தில் தேட வகைசெய்யும் ஜிபிஐஎஃப் அமைப்பு 2001-இல் உருவானது. அங்கே ஒரு பதிவைத் திறப்பவர் ஆயத்தொலைவோடு நின்றுவிடாமல், அது எத்தனை மீட்டர் முன்பின்னாக இருக்கலாம் என்ற கட்டத்தையும் பார்த்தாக வேண்டும். பலர் பார்ப்பதில்லை.

பறவைகளுக்கான இ-பேர்ட் 2002-இல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபன் சங்கமும் தொடங்கியது. 2010-இல் உலகம் முழுவதற்கும் விரிந்தது. தமிழ்நாட்டில் 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு புதியவர்கள் பலரை இதற்குள் கொண்டுவந்தது. வலசைப் பறவைகள் வந்து இறங்கியிருக்கும், கண்மாயில் தண்ணீர் கிடக்கும், விடுமுறையும் கிடைக்கும். இதைவிடத் தோதான நாள் தமிழனுக்கு ஏது?

சாமநத்தம் கண்மாய்க் கரையில் காலை ஆறரைக்கு நிற்பவர் செயலியில் ‘தொடங்கு’ என்பதைத் தட்டினால் நேரமும் நடந்த தூரமும் தானாகப் பதிவாகும். கருவேல மரத்தில் மஞ்சள்மூக்கு நாரை எத்தனை, கரண்டிவாயன் எத்தனை, காக்கை எத்தனை என்று ஏற்றிக்கொண்டே போகவேண்டும். முடிக்கும்போது, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா என்று செயலி கேட்கும். இந்தக் கேள்விதான் முறையின் உயிர்நாடி. ‘ஆம்’ என்றால், பட்டியலில் இல்லாதது அன்று கண்ணில் படவில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். காக்கையைக் கணக்கில் சேர்க்காமல் அபூர்வப் பறவையை மட்டும் எழுதும் பட்டியலால் காக்கை குறைகிறதா என்று எவராலும் சொல்ல முடியாது. அந்தப் பருவத்துக்கோ இடத்துக்கோ பொருந்தாத இனமும் எண்ணிக்கையும் வந்தால் வடிகட்டி பிடித்து நிறுத்தும். சரிபார்க்கும் தன்னார்வலர் படமோ விளக்கமோ கேட்டு எழுதுவார். இப்படிச் சேர்ந்த பட்டியல்களிலிருந்து வந்தவைதான் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கைகள். 2020 அறிக்கை ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு 867 இனங்களை ஆராய்ந்தது. 2023-இல் அது மூன்று கோடிப் பதிவு, 942 இனம் என்று வளர்ந்தது.

செடிக்கும் பூச்சிக்கும் வழி வேறு. 2008-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் முதுகலைத் திட்டமாகத் தொடங்கிய ஐ-நேச்சுரலிஸ்ட் படத்தை வாங்கிக்கொண்டு, 2017 முதல் கணினிப் பார்வையால் பெயரையும் ஊகித்துச் சொல்கிறது. அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனப்பெயரில் ஒத்துப்போனால் பதிவு ஆய்வுத் தரம் பெறும். இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலும் அதே 2008-இல் வந்ததே.

கணினியின் ஊகம் எங்கே வழுக்கும் என்பதற்கு வரப்போரக் கீழாநெல்லி போதும். நின்றபடி மேலிருந்து எடுத்த படத்தில் புளிய இலை போன்ற அடுக்கு மட்டுமே தெரியும். அது ஃபிலாந்தஸ் பேரினத்தின் பல இனங்களுக்கும் பொருந்தும். குந்தி உட்கார்ந்து கிளையைத் திருப்பினால்தான் விஷயம் வெளிப்படும். சிறு காம்பில் தொங்கும் வழவழப்பான காய் என்றால் ஃபிலாந்தஸ் அமாரஸ். காம்பே இல்லாததுபோல் ஒட்டி, மேல்தோல் சொரசொரத்த காய் என்றால் ஃபிலாந்தஸ் யூரினேரியா. காமாலைக்கு மருந்து தேடுவோர் காலங்காலமாகச் செடியைத் திருப்பிப் பார்த்துத்தான் பறிக்கிறார்கள். செயலிக்கு அந்தப் பக்கத்தையும் காட்டவேண்டும் என்பது புதிதாகப் பதிவிடுவோருக்கு எளிதில் தோன்றுவதில்லை.

இடத்தை மறைப்பதும் பதிவின் ஒரு பகுதி. தேவாங்கு, அழுங்கு போன்றவை கடத்தலுக்கு உள்ளாகும் உயிர்கள். ஐ-நேச்சுரலிஸ்ட் அச்சுறுத்தலில் உள்ள இனங்களின் ஆயத்தொலைவை 0.2 பாகைக் கட்டம் ஒன்றுக்குள் எங்கோ ஒரு புள்ளியாகக் கலைத்துக் காட்டுகிறது. நம் அட்சரேகையில் அக்கட்டத்தின் ஒரு பக்கம் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். அழகர்மலைத் தேவாங்கின் புள்ளி மேலூர்ப் பக்கத்து வயலில் விழுந்திருந்தால் அது பிழையல்ல, காவல்.

இந்த வட்டாரத்தில் உயிரினப் பட்டியல் அரசியல் பொருளானது அரிட்டாபட்டியில். மேலூர் அருகே ஏழு குன்றுகளும் சமணர் படுக்கைகளும் குடைவரைக் கோயிலும் உள்ள ஊர் அது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேர் பரப்பைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவித்தது. ஏறக்குறைய 250 பறவை இனங்கள், அவற்றில் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, பொனெல்லிக் கழுகு, கூடவே அழுங்கு, தேவாங்கு, மலைப்பாம்பு எனப் பட்டியல் சொல்லப்பட்டது. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்தப் பரப்பையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஏலத்தில் போனது. டிசம்பர் 9-இல் சட்டப்பேரவை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மேலூர்ப் பகுதி மக்கள் மதுரைக்குப் பேரணியாக வந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. வென்றது தெருவில் இறங்கிய கூட்டம்தான். தரவுத்தளம் வென்றது என்று சொன்னால் அது மிகை. ஆனால் பாறை தவிர அங்கே ஒன்றுமில்லை என்று யாரும் வாதாட முடியாதபடி செய்ததில் அந்த முந்தைய அறிவிப்புக்கும் பட்டியலுக்கும் பங்கு உண்டு.

பட்டியல்களின் குறை வெளிப்படையானது. பார்ப்பவர் போகும் இடத்தில்தான் புள்ளி விழும். ஞாயிற்றுக்கிழமை, பைக் போகும் கரை, தண்ணீர் உள்ள மாதம் என்று அது குவியும். சித்திரை வெயிலில் வறண்ட கண்மாயையோ பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் தரிசையோ தேடிப் போகிறவர் குறைவு. அங்கே பதிவு இல்லாததை உயிரே இல்லாததாகப் படிக்கும் அதிகாரிகளும் உண்டு.

இதற்கு இணையாக அரசு வழியில் நடப்பது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் மேலாண்மைக் குழு அமைத்து இதைத் தயாரிக்கவேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31-ஐக் கெடுவாக வைத்தபோது நாடெங்கும் அவசர அவசரமாகப் பதிவேடுகள் நிரம்பின. எந்தப் புல்லை எந்த மாதம் ஆடு மேயும், எந்த வேரை எந்த வைத்தியர் தோண்டுவார் என்ற செய்திகளுக்கு இந்த ஏட்டில்தான் இடமுண்டு. செயலிகளில் அதற்கான கட்டமே கிடையாது.