வறுமை குற்றமான வரலாறு

தந்தையை இழந்த குழந்தையை நாம் ‘எத்தீம்’ என்கிறோம். தாய் உயிரோடிருந்தாலும் அப்பெயர் அதற்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க அனாதை இல்லங்களை நிறைத்திருந்தோருள் மிகப் பலர் இத்தகையோரே. பெற்றோருள் ஒருவர் இருந்தும், சோறிட வகையின்மையால் அங்கு விடப்பட்டவர்கள். 1854 முதல் 1929 வரை நியூயார்க் போன்ற நகரங்களிலிருந்து ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஏழைச் சிறுவர் இரயிலேற்றி, மேற்குப் புறத்து உழவர் வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர். சிலர் அன்பைக் கண்டனர். சிலர் கூலியில்லா வேலையாட்களாயினர்.

1874-இல் மேரி எலன் என்னும் சிறுமி பட்ட அடிகள் நியூயார்க் நீதிமன்றத்தில் வெளிப்பட்டதன் பின்னர், குழந்தைகளைக் கொடுமையிலிருந்து காக்கும் சங்கங்கள் தோன்றின. அடிபட்ட காயம் எவர் கண்ணுக்கும் தெரியும். புறக்கணிப்பு அவ்வாறன்று. அடுப்பு அணைந்திருக்கிறது, குழந்தை தனித்திருக்கிறது. தாய் அக்கறையற்றவளா, அல்லது பிறர் வீட்டில் துணி வெளுக்கச் சென்றிருக்கிறாளா? வீடு காண வந்த அதிகாரிகள் இவ்வினாவை எழுப்பியது குறைவு. பாஸ்டன் நகரத்து ஏழைகள் அச்சங்கத்திற்குச் சூட்டிய பெயரே ‘கொடுமை’ என்பதாம்!

1909 ஜனவரியில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஒரு மாநாட்டைக் கூட்டினார். அதற்கு அவரைத் தூண்டியவர் ஜேம்ஸ் வெஸ்ட். அனாதை இல்லத்தில் வளர்ந்த வழக்கறிஞர். வறுமை என்ற ஒரே காரணத்திற்காக எக்குழந்தையையும் இல்லத்திலிருந்து பிரித்தல் ஆகாது என்பது அம்மாநாட்டின் முடிபு. 1911-இல் இல்லினாய் மாநிலம் தாய்மார் உதவித்தொகைச் சட்டம் இயற்றிற்று. 1920-க்குள் நாற்பது மாநிலங்கள் வரை அதனைப் பின்பற்றின.

ஆனால் கொடுத்த கையே ஒரு முடிச்சையும் இட்டது. ‘தகுதியான இல்லம்’ உடையவளுக்கே உதவி என்றனர். தகுதியை அளந்தவர் அதிகாரி. கறுப்பினத் தாய்மார் அத்தொகையைப் பெற்றது அரிது. 1935-இல் அது நடுவண் அரசின் திட்டமான பின்னரும் இந்நிபந்தனை மறையவில்லை.

1960-இல் லூசியானா மாநிலம், மணமின்றிப் பிள்ளை பெற்றவளின் இல்லம் தகுதியற்றது என்று கூறி, சுமார் 23,000 குழந்தைகளுக்கான உதவியை நிறுத்திற்று. அவர்களுள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். விந்தை யாதெனில், தகுதியற்றது என்று தாமே தீர்ப்பளித்த அவ்வில்லங்களில்தான் அக்குழந்தைகளைப் பசியோடு விட்டுவைத்தனர். நடுவண் அமைச்சர் ஆர்தர் பிளெமிங் 1961 ஜனவரியில் இதற்குத் தடையிட்டார்: இல்லம் தகுதியற்றதாயின் அதனைச் சீராக்குக, அன்றேல் குழந்தைக்கு வேறு இடம் தருக, உதவியை மட்டும் நிறுத்துதல் கூடாது.

அத்தடையின் விளைவு அவர் கருதியதற்கு மாறாகவும் திரும்பிற்று. இல்லத்தைச் சீராக்குவதற்கு ஆளும் பொறுமையும் வேண்டும். பிரிக்கப்பட்ட குழந்தையின் வளர்ப்பு இல்லச் செலவிற்கோ, அவ்வாண்டிலேயே நடுவண் அரசின் நிதி சட்டப்படி திறந்துவிடப்பட்டது. வாடகைக்கு வழியற்ற தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்து, அதனை வளர்ப்பதற்கு அயலாருக்குப் பணம் தரும் வழி இவ்வாறு அகன்றது. அந்நாட்டில் இன்றும் வளர்ப்பு இல்லம் சேரும் குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டோரின் ஏட்டில் எழுதப்படும் காரணம் அடியோ காயமோ அன்று. புறக்கணிப்பு என்னும் அந்த ஒரு சொல்லே.